‘நெக்ஸ்ட் டுமாரோ’ தப்பா? – வாசகர் கேள்வி-பதில்

கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ பற்றி இந்தப் பகுதியில் ஒரு பதில் எழுதப்போக, ஆப்பிரிக்கா, ஆங்கிலம், ஆராய்ச்சி என்று கேள்விகள் வந்தபடியே இருக்கின்றன. சரி, இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே கொடுத்துவிட்டேன். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

ஆப்பிரிக்க ஆங்கில இலக்கியம் என்பது உண்மையிலேயே ஒரு தனித் துறையா, இல்லை ஆங்கில இலக்கியத்தின் வால் மாதிரியா? எப்போது ஆரம்பித்தது?
– முதுகலை மாணவி, திருநெல்வேலி

வாலாகத்தான் ஆரம்பித்தது. 1948இல் நைஜீரியாவின் இபாதான் நகரில் கல்லூரி தொடங்கியபோது அங்கே படித்தவர்களுக்குப் பட்டம் கொடுத்தது லண்டன் பல்கலைக்கழகம். உகாண்டாவின் மெக்கரேரேயிலும் அதே ஏற்பாடுதான். ஆங்கிலத் துறை என்றால் ஷேக்ஸ்பியர், வேர்ட்ஸ்வொர்த், டிக்கன்ஸ். இபாதானில் அதைப் படித்துவிட்டு வெளியே வந்த பையன்களில் ஒருவர்தான் நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்சிபி.

துறைக்கு ஒரு பிறந்தநாள் வேண்டும் என்றால் 1962 ஜூன் என்று சொல்லலாம். மெக்கரேரேயில் ‘ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்க எழுத்தாளர்கள்’ மாநாடு நடந்தது. அச்சிபி, வோலே சோயிங்கா, கிறிஸ்டோஃபர் ஒகிக்போ என்று நைஜீரிய எழுத்தாளர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். கூகி அப்போது அங்கேயே படித்துக்கொண்டிருந்த மாணவர், பெயரும் அன்று ஜேம்ஸ் கூகிதான், தன் நாவலின் கைப்பிரதியைத் தூக்கிக்கொண்டு போய் அச்சிபியிடம் காட்டினார். மாநாட்டின் பெயரிலேயே வம்பு இருக்கிறது, கவனித்தீர்களா? ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு மட்டும்தான் நாற்காலி. சுவாஹிலி, யொரூபா போன்ற ஆப்பிரிக்க மொழிகளில் பெரிய ஆட்கள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது, அவர்களுக்கு இடமில்லை. அடுத்த வருஷமே ஒபி வாலி என்ற நைஜீரிய விமர்சகர், இந்த வழியில் போனால் முட்டுச்சந்துதான் என்று ‘டிரான்சிஷன்’ பத்திரிகையில் எழுதி எல்லாரையும் கோபப்படுத்தினார். அந்தப் பத்திரிகையை கம்பாலாவில் 1961இல் தொடங்கியவர் ராஜத் நியோகி, அங்கேயே பிறந்த வங்காளி.

மாநாட்டுக்குப் பணம் கொடுத்த அமைப்புக்கு அமெரிக்க உளவுத் துறையான சிஐஏவின் காசு வந்துகொண்டிருந்தது அறுபதுகளின் பிற்பகுதியில் அம்பலமானது. வந்தவர்களுக்கு அது தெரியாது. ஆனாலும் இந்தத் துறையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் யாரும் அதைத் தாண்டிப் போக முடிவதில்லை.

நைரோபியில் ஆங்கிலத் துறையையே இழுத்து மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு பல்கலைக்கழகத்தில் அப்படி நடக்குமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

மூடவில்லை ஐயா, பெயர்ப்பலகையை மாற்றினார்கள், ஆனால் அது சாதாரண பெயர் மாற்றம் இல்லை. 1968 செப்டம்பரில் ஆங்கிலத் துறைத் தலைவர் (அப்போது பொறுப்பில் இருந்தவர்) துறையை எப்படி வளர்க்கலாம் என்று ஓர் அறிக்கை வைத்தார். ஒரே பண்பாட்டின் வரலாற்றுத் தொடர்ச்சியைப் படிப்பது முக்கியம், ஆகவே பிரிட்டிஷ் இலக்கியம் நடுவில் இருக்கட்டும், புதிய எழுத்துகளுக்கும் கொஞ்சம் இடம் கொடுப்போம் என்பது அதன் சாரம். நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டதுதான். அக்டோபரில் மூன்று பேர், கூகி, ஹென்றி ஒவூர்-அன்யும்பா, தாபான் லோ லியோங், பதில் எழுதினார்கள். ஒரு பண்பாட்டின் தொடர்ச்சியைத்தான் படிக்க வேண்டும் என்றால் அது ஏன் ஆப்பிரிக்கப் பண்பாடாக இருக்கக் கூடாது என்று கேட்டார்கள்.

இந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ‘எங்களுக்கும் ரெண்டு தாள் ஒதுக்குங்கள்’ என்று அவர்கள் கெஞ்சவில்லை. வீடு எங்களுடையது, விருந்தாளி யார் என்பதை நாங்கள்தான் சொல்லுவோம் என்றார்கள். ஷேக்ஸ்பியரை விரட்டச் சொன்னதாக இன்றும் சிலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. ஐரோப்பிய இலக்கியத்துக்கு அவர்கள் திட்டத்தில் இடம் இருந்தது. நடுவில் இருந்தது கிழக்கு ஆப்பிரிக்கா, பிறகு மற்ற ஆப்பிரிக்கா, கரீபியன், அப்புறம்தான் உலகம். வாய்மொழி இலக்கியத்தைப் பாடமாக்கக் கேட்டார்கள், எனக்கு அதுதான் உண்மையான புரட்சி. எழுதப்பட்டதுதான் இலக்கியம் என்று நூலகத்துக்குள்ளேயே சுற்றிய துறை, பாட்டிகளிடம் கதை கேட்கப் போக வேண்டியதாயிற்று. பிறகு துறையின் பெயரில் இருந்த ‘ஆங்கிலம்’ போய், ‘இலக்கியத் துறை’ ஆனது. கென்யாவின் பள்ளிப் பாடத்திலும் வாய்மொழி இலக்கியம் நுழைந்தது.

நைஜீரியாக்காரர்கள் பேசும் ஆங்கிலம் தப்பும் தவறுமாக இருக்கிறதே, அதைப் போய் எப்படி ஆராய்ச்சி செய்கிறார்கள்?
– கால் சென்டர் ஊழியர், சென்னை

உங்கள் ஆங்கிலத்தைக் கேட்டு லண்டன்காரன் இதையேதான் சொல்லியிருப்பான் தம்பி.

நாளை மறுநாளுக்கு அங்கே ‘நெக்ஸ்ட் டுமாரோ’ என்பார்கள். தப்பு என்று சொல்ல வாய் வருகிறதா? ‘தி டே ஆஃப்டர் டுமாரோ’ என்று நான்கு சொல்லில் நீட்டி முழக்குவதைவிட இது எவ்வளவு மேல்! 1953லேயே எழுத்தில் வந்துவிட்ட சொல். 2020 ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி நைஜீரிய ஆங்கிலச் சொற்கள் 29 சேர்த்ததில் இதுவும் ஒன்று. அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது ‘டோகுன்போ’. வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு யொரூபாக்காரர்கள் வைக்கும் பெயர் அது, இப்போது வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் பழைய காருக்கும் அதே பெயர். பைக் டாக்ஸிக்கு ‘ஒகாடா’, அது முன்பு ஓடிய ஒரு விமான கம்பெனியின் பெயர். ரோட்டோரச் சாப்பாட்டுக் கடைக்கு ‘மாமா புட்’. ‘அம்மா, போடுங்க’ என்று தட்டை நீட்டுவதே கடைக்குப் பெயராகிவிட்டது.

சொல்லை விடுங்கள், ‘சாரி’யைப் பாருங்கள். நீங்கள் லாகோஸில் நடக்கும்போது கல் தடுக்கி விழுந்தால், பக்கத்தில் போகிறவர் ‘சாரி’ என்பார். அவர் உங்களைத் தள்ளிவிடவில்லை. யொரூபாவில் ‘பெலே’ என்று ஒரு சொல் உண்டு, அடிபட்டவரிடம் ஆறுதலாகச் சொல்வது, நாம் ‘அச்சச்சோ, பார்த்து’ என்கிறோமே அது மாதிரி. அந்த ‘பெலே’தான் ‘சாரி’ சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. ஆங்கிலமும் உள்ளூர் மொழிகளும் கலந்து உருவான பிஜின் வேறு, அது தனி மொழி, நான் சொல்வது படித்தவர்கள் ஆபீசிலும் பத்திரிகையிலும் புழங்கும் ஆங்கிலத்தை.

இதை வெறும் சுவாரஸ்யமாக விடாமல் எண்ணிப் பார்க்கவும் செய்கிறார்கள். ‘இன்டர்நேஷனல் கார்பஸ் ஆஃப் இங்கிலீஷ்’ (கார்பஸ் என்றால் ஆராய்ச்சிக்காகச் சேர்த்த பேச்சு, எழுத்துத் தொகுப்பு) என்ற திட்டத்தில் ஒவ்வொரு நாட்டு ஆங்கிலத்துக்கும் பத்து லட்சம் சொற்கள், சுமார் 2,000 சொல் கொண்ட 500 துண்டுகளாக, அதில் 300 பேச்சு, 200 எழுத்து என்று சேர்க்கிறார்கள். நைஜீரியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் இப்படித் தொகுப்புகள் உண்டு. ஒரு பிரயோகம் எவனோ ஒருவன் உளறியதா, ஊரே பேசுவதா என்று அதில் தேடிப் பார்த்துவிடலாம்.

எது பிழை, எது புதுமை என்பதற்கு இபாதான் மொழியியலாளர் அயோ பாம்போஷே 1998இல் ஐந்து அளவுகோல் சொன்னார்: எத்தனை பேர் பேசுகிறார்கள், எத்தனை இடங்களில் பரவியிருக்கிறது, பேசுகிறவர்கள் யார், அகராதியில் ஏறியதா, கடைசியாக, ஊர் ஒப்புக்கொண்டதா. பேச்சு பரவுவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. அகராதியிலும் ஏறிவிடலாம். திருத்துகிறவரின் சிவப்பு மை ஒப்புக்கொள்வதுதான் கடைசி. அந்த இடத்தில்தான் இன்னும் இழுபறி.

அச்சிபி சரியா, கூகி சரியா? ஒரே வரியில் சொல்லவும்.
– கல்லூரி மாணவர், மதுரை

ஆப்பிரிக்க எழுத்தாளர் ஆங்கிலத்தில் எழுதலாமா, தாய்மொழியில்தான் எழுத வேண்டுமா என்ற சண்டை இது. ஒரே வரியில் முடியாது, மூன்று பத்தி கொடுங்கள்.

அச்சிபி, ஆங்கிலத்திலேயே எழுதுவேன், ஆனால் அந்த ஆங்கிலம் என் ஊர்ச் சுமையைத் தாங்கும்படி அதை மாற்றுவேன் என்றார். சும்மா சொல்லவில்லை, செய்து காட்டினார். தன் நாவலில் ஒரு பூசாரி தன் மகனை மிஷனரிகளிடம் அனுப்பும் இடத்தை எடுத்துக்கொண்டார். ‘அங்கே நீ என் கண்ணாக இரு’ என்கிறான் பூசாரி, உலகம் என்பது ஆடும் முகமூடி மாதிரி, நன்றாகப் பார்க்க வேண்டுமானால் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது என்கிறான். பிறகு அதையே ‘என் பிரதிநிதியாக உன்னை அனுப்புகிறேன்’ என்ற ரீதியில் அச்சடித்த ஆங்கிலத்தில் எழுதிப் பக்கத்தில் வைத்தார். விஷயம் ஒன்றுதான். ஆனால் இரண்டாவதில் பூசாரி செத்துப்போய் ஒரு குமாஸ்தா பேசுகிறான்.

கூகி தன் தாய்மொழியான கிகூயுவில் நாடகம் போட்டார், கிராமத்து ஜனங்களே நடித்தார்கள், 1977 டிசம்பர் கடைசியில் விசாரணையில்லாமல் சிறையில் தள்ளினார்கள். ஆங்கிலத்தில் எழுதியவரைத் தொடாத அரசாங்கம் கிகூயுவில் எழுதியதும் வந்து தூக்கியது, இதைவிட மொழி அரசியலுக்கு விளக்கம் வேண்டுமா? சிறையில் கழிப்பறைத் தாளிலேயே கிகூயு நாவலை எழுதினார்.

என் பக்கம் எது என்றால், வாதத்தில் கூகி, வாசிப்பில் அச்சிபி. 2025 மே மாதம் கூகி இறந்தபோது வந்த அஞ்சலிகளில் நான் படித்ததெல்லாம் ஆங்கிலத்தில்தான்.

முனைவர் பட்டத்துக்கு ஆப்பிரிக்க நாவல் எடுத்திருக்கிறேன். தலைப்பில் ‘அடையாளச் சிக்கல்’ என்று வைக்கலாமா?
– ஆய்வு மாணவர், கோயம்புத்தூர்

தயவுசெய்து வேண்டாம். அந்தத் தலைப்பில் ஏற்கெனவே ஒரு லாரி நிறைய இருக்கும். மூன்று கோட்பாட்டாளர் பெயரைப் போட்டு, நாவலின் கதைச்சுருக்கத்தை நடுவில் வைத்து, கடைசியில் ‘கலப்பு’ என்று முடிப்பதைப் படித்துப் படித்து எனக்குக் கண் பூத்துவிட்டது.

பதிலாகப் பத்துப் பக்கம் எடுத்து மொழியைப் பாருங்கள். நைஜீரிய எழுத்தாளர் கேப்ரியல் ஒகாரா 1964இல் ஒரு நாவல் எழுதினார், தன் தாய்மொழி இஜோவின் வாக்கியத்தை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கிப் பார்த்த நாவல். நாயகனுக்கு ‘நெஞ்சு இல்லை, நிழல் இல்லை’ என்று ஊர் பேசுகிறது. வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போகிறது, ஏனென்றால் இஜோவில் வினை கடைசியில்தான் வரும். நமக்கும் அப்படித்தானே! அமெரிக்க ஆய்வாளர் அந்த வாக்கியத்தில் தடுக்கி விழுவார், நீங்கள் சும்மா நடந்து போவீர்கள். இந்தச் சாதகத்தை விட்டுவிட்டு எதற்கு அடையாளச் சிக்கல்?

இதழ்கள்: ‘ஆஃப்ரிகன் லிட்டரேச்சர் டுடே’ 1968இலிருந்து, ‘ரிசர்ச் இன் ஆஃப்ரிகன் லிட்டரேச்சர்ஸ்’ 1970இலிருந்து வருகின்றன. இவற்றோடு நிறுத்தாமல் ஆப்பிரிக்கப் பல்கலைக்கழக இதழ்களையும் இணையத்தில் தேடுங்கள், ‘ஆஃப்ரிகன் ஜர்னல்ஸ் ஆன்லைன்’ என்று போட்டால் வரும். நைஜீரிய நாவலைப் பற்றி நைஜீரியர் ஒருவரைக்கூட மேற்கோள் காட்டாத ஆய்வேட்டை எனக்கு அனுப்பாதீர்கள்.

டர்பனிலிருந்து வந்த தூரத்துச் சொந்தக்காரர்களுக்குத் தமிழ் ஒரு சொல்கூட வரவில்லை, ஆனால் அவர்கள் ஆங்கிலம் ஏனோ நம் வீட்டுப் பேச்சு மாதிரியே இருந்தது. பிரமையா?
– இல்லத்தரசி, நாகப்பட்டினம்

பிரமை இல்லை அம்மா, உங்கள் காது கூர்மை. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து முதல் கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது, கரும்புத் தோட்டக் கூலிக்கு. தமிழ், தெலுங்கு, போஜ்புரி பேசியவர்களின் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். அந்த ஆங்கிலத்தை ரஜேந்த் மெஸ்த்ரி என்ற தென்னாப்பிரிக்க மொழியியலாளர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1992இல் ஒரு புத்தகமே போட்டார், பிறகு 2010இல் அகராதியும் வந்தது. அவர் பதிவு செய்த அமைப்புகளில் ஒன்று: ‘ஐ மேட் ரைஸ் டூ, ஐ மேட் ரொட்டி டூ.’ சோறும் செய்தேன், ரொட்டியும் செய்தேன். நம் ‘உம்’ அங்கே ‘டூ’ ஆகி உட்கார்ந்திருக்கிறது. வட இந்திய மொழிகளிலும் இப்படி இரட்டையாகச் சொல்வது உண்டு என்பதால் முழு உரிமையும் நமக்கே என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

அடுத்த முறை வந்தால் சீட்டுக்கட்டை எடுத்து வைத்து ‘துனி’ ஆடத் தெரியுமா என்று கேளுங்கள். டர்பன் இந்தியர்களின் ஆட்டம், நம் ‘தண்ணி’தான் அப்படித் திரிந்தது என்கிறார்கள். மொத்தம் 24 சீட்டு, ஜாக்கிதான் பெரிசு, அடுத்தது ஒன்பது. வீட்டில் யாராவது யாழ்ப்பாணத்துக்காரரோடு இதே வகைச் சீட்டாட்டமான 304 ஆடிப் பழகியிருந்தால் அவரைக் கூட்டாளியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.