மார்பில் வைத்த வண்டு – கடிதம்

அன்புள்ள சார்,

நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள ஹத்னோஃபரின் கல் வண்டைப் படத்தில் பார்த்தேன். இதைப் பிணத்தின் மார்பில் வைப்பார்களாமே? சாணி உருட்டும் பூச்சிக்கு ஏன் இத்தனை மரியாதை? பாவத்துக்கு அவ்வளவு பயந்தவர்களா எகிப்தியர்கள்? என் மாமாவும் லக்சரில் ஒரு வண்டு வாங்கி வந்தார், ராஜா பெயரெல்லாம் இருக்கிறது. பழையதாக இருக்குமா?

வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

உருண்டையைத் தள்ளிப்போகும் வண்டில், சூரியனை வானில் உருட்டும் கெப்ரி தெய்வத்தை அவர்கள் கண்டார்கள். மண்ணில் புதைத்த உருண்டையிலிருந்து புது வண்டு வெளியே வருவதால் மறுபிறப்பும் அதனோடு ஒட்டிக்கொண்டது.

ஹத்னோஃபர், அரசி ஹட்செப்சுட்டின் வலதுகையாக இருந்த செனன்முட்டின் அம்மா. இன்றைய லக்சர் பக்கம் இருந்த பழைய நகரம் தீப்ஸில் அவர் கல்லறை 1936-ல் கிடைத்தது. பொன் கட்டிய பச்சைக் கல், பொன் சங்கிலி, எல்லாம் அழகுதான். ஆனால் விஷயம் அடிப்பக்கத்தில் இருக்கிறது. தட்டையான அந்த வயிற்றில் வரிவரியாக ஒரு மந்திரம். வேண்டுதல் எந்தக் கடவுளிடமும் இல்லை, சொந்த இதயத்திடம்: எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல எழுந்துவிடாதே, தராசு பிடிப்பவர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்காதே.

இறந்தவர் 42 தெய்வங்கள் முன் நின்று, திருடவில்லை, பொய் சொல்லவில்லை என்று ஒப்பிக்க வேண்டும். இதயத்தை ஓர் இறகுக்கு எதிரே வைத்து நிறுப்பார்கள். இதயம் கனமாக இருந்தால் முதலைத் தலையுள்ள அம்மித் என்ற பூதம் அதை விழுங்கிவிடும். மூளையை உருவி எறிந்தவர்கள் இதயத்தை மட்டும் உடலிலேயே விட்டார்கள். வாய் சொல்வதை மறுக்கக்கூடிய ஒரே ஆள் அதுதானே!

அதனால் பயம் இருந்தது, சரி. ஆனால் பயந்தவர்கள் மன்னிப்புக் கேட்கவில்லை, சாட்சியைச் சரிக்கட்டினார்கள். பத்திர எழுத்தரிடம் இருக்கும் படிவம் மாதிரி, பெயருக்கு மட்டும் இடம் விட்டுச் செதுக்கிய வண்டுகளும் கிடைத்திருக்கின்றன. பெயரை நிரப்பாமலே புதைத்தவையும் உண்டு. எனக்கு இவர்களைப் பிடிப்பதே இதனால்தான்.

அப்புறம், மாமாவின் வண்டு. ராஜா பெயரை வைத்து வயதைச் சொல்ல முடியாது. மூன்றாம் துட்மோஸ் செத்துப் பல நூற்றாண்டுகள் கழித்தும் அவர் பெயரைப் பொறித்துக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பெயரே தாயத்து. லக்சரில் பயணிகளுக்காகப் போலி வண்டு செய்யும் தொழிலும் நூறாண்டுக்கு மேல் பழையது. உண்மையிலேயே பழசென்றால் எகிப்தை விட்டு வெளியே கொண்டுவருவதே சட்டப்படி குற்றம். போலியாக இருப்பதுதான் மாமாவுக்கு நல்லது.