பெண் பார்க்க வருவதற்கு முன் மெயிலில் என்ன பேசிக்கொள்ளலாம்?

கேள்வி: எனக்கு 28 வயது. மும்பை செம்பூரில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் (பி.கே.சி.) வேலை. ஜாதகம் பொருந்தி ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் இருக்கிறார். அடுத்த மாதக் கடைசியில் குடும்பத்தோடு பெண் பார்க்க வருகிறார்கள். அதுவரை இருவரும் மெயிலில் பேசிக்கொள்ளட்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பிடித்த சாப்பாடு, பிடித்த சினிமா, போய் வந்த ஊர் என்று இரண்டே மெயிலில் எல்லாம் தீர்ந்துவிட்டது. இனி என்ன எழுதுவது? பணம், வீடு, பெற்றோர் பற்றிக் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள். கல்யாணம் பேசும் இடத்தில் இதையெல்லாம் கேட்காமல் வேறு எதைக் கேட்பது? ஆனால் கேட்கும் விதம் ஒன்று இருக்கிறது.

பிடித்தது பிடிக்காதது பற்றிக் கேட்டால், பயோடேட்டாவில் இருப்பதுதான் திரும்பி வரும். "எனக்குக் குடும்பம் ரொம்ப முக்கியம்" என்று எழுதாத பையனே கிடையாது. அதற்குப் பதிலாக, நடந்த ஒரு நாளைப் பற்றிக் கேளுங்கள். "போன ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போச்சு?" என்று கேட்டால், "லேட்டாக எழுந்தேன், கூட இருக்கிற நண்பன் உப்புமா பண்ணினான், நான் பாத்திரம் தேய்த்தேன், மத்தியானம் அம்மாவோடு ஒரு மணி நேரம் போன், சாயங்காலம் கிரிக்கெட்" என்று எழுதுவார். வீட்டு வேலையில் கைகொடுப்பவரா, அம்மாவோடு எவ்வளவு நெருக்கம், லீவு நாளில் யாரோடு இருக்க விரும்புகிறார் என்று ஓரளவு தெரிந்துவிடும். முதலில் உங்கள் ஞாயிற்றுக்கிழமையை எழுதிவிட்டு அப்புறம் அவருடையதைக் கேளுங்கள். வெறும் கேள்வியாக அனுப்பினால் இன்டர்வியூ மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது ஊர். நீங்கள் மும்பை, அவர் பெங்களூரு. பெண்தான் வேலையை மாற்றிக்கொண்டு வருவாள் என்று இரண்டு வீட்டிலும் பேசாமலே முடிவு செய்திருப்பார்கள். அதை வெளியில் கொண்டுவர வேண்டியது நீங்கள்தான். "எங்கள் கம்பெனியில் பெங்களூருக்கு மாற்றல் கிடைக்குமா என்று விசாரிக்கிறேன். கிடைக்காவிட்டால் என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்று எழுதுங்கள். "அப்போ பார்த்துக்கலாம்" என்று ஒரே வரியில் முடிக்கிறாரா, தானும் நாலு வழி யோசிக்கிறாரா என்று கவனியுங்கள். கல்யாணத்துக்கு அப்புறம் அவருடைய பெற்றோர் கூட இருப்பார்களா, எத்தனை அறை வீடு என்பதையும் இதே மெயிலில் கேட்டுவிடலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, சம்பளத் தொகை பெரியவர்கள் மூலம் எப்படியும் வந்துவிடும். உங்களுக்குத் தெரிய வேண்டியது அந்தச் சம்பளம் எங்கே போகிறது என்பது. லோன் இருக்கிறதா, தங்கை கல்யாணம் பாக்கி இருக்கிறதா, வீட்டுக்கு மாதாமாதம் எவ்வளவு கொடுக்கிறார்? இதிலும் உங்கள் பக்கத்தை முதலில் சொல்லிவிடுங்கள். அப்பாவின் வீட்டுக் கடனில் நீங்கள் பங்கு போடுகிறீர்கள் என்றால், கல்யாணத்துக்கு அப்புறமும் பெற்றோருக்குப் பணம் கொடுப்பேன் என்றால், கூச்சப்படாமல் எழுதுங்கள். நம் பெண்கள் பெரும்பாலும் சொல்லாமல் விட்டு, பிறகு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டுவது இதற்காகத்தான். எழுத்தில் இருந்தால், "இதை முன்னாடியே சொல்லவே இல்லையே" என்று நாளைக்கு யாரும் கேட்க முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆய்வாளர் ஜோசஃப் வால்தர் 1996-ல் ஒரு கட்டுரையில் இதை விளக்கினார். எழுத்தில் மட்டும் பழகும்போது, நேரில் பழகுவதைவிட அதிக நெருக்கம்கூட வந்துவிடலாம். எழுதுகிறவருக்கு யோசித்து, அடித்துத் திருத்தித் தன்னை நல்லபடியாகக் காட்ட நேரம் இருக்கிறது. படிக்கிறவர் தெரியாத இடத்தையெல்லாம் நல்லதாகவே கற்பனை செய்து நிரப்பிக்கொள்கிறார். ஆக மெயில் அழகாக இருக்கிறது என்பதற்காக மனசுக்குள் சம்மதம் சொல்லிவிடாதீர்கள். ஓரிரு வாரத்தில் போனுக்கு மாறுங்கள், அப்புறம் வீடியோ கால். குறுக்கே பேசுகிறாரா, நீங்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறாரா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். முடிந்தால் முதல் சந்திப்பை வீட்டில் வைக்காமல் உங்கள் செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலில் வைக்கச் சொல்லுங்கள். தரிசனம் முடிந்து நீங்கள் இருவரும் தனியாகக் கொஞ்ச நேரம் பேச அங்கே வசதிப்படும். பஜ்ஜி சொஜ்ஜித் தட்டோடு பத்துப் பேர் முன்னால் நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

நீங்கள் எழுதுவதை அவருடைய அம்மாவும் அக்காவும் படிப்பார்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். நம் வீடுகளில் அது சகஜம், அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால் பழைய காதல், உடல்நலப் பிரச்சினை போன்றவற்றை மெயிலில் விலாவாரியாக எழுத வேண்டாம். ஆனால் மறைக்கவும் வேண்டாம். தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், அவர்கள் கிளம்பி வருவதற்கு முன்பே போனில் அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். அவரிடமும் அதையே எதிர்பாருங்கள்.

ஆபீஸ் மெயிலிலிருந்து எழுதாதீர்கள், கம்பெனி அதைப் பார்க்க முடியும். ஜிமெயில் என்றால் அமைப்புகளில் போய், அனுப்பிய மெயிலைத் திரும்பப் பெறும் நேரத்தை 30 நொடியாக மாற்றிவையுங்கள், அவசரத்தில் எழுதியதற்கு உதவும். ஆதார், பான் நகல் எதையும் அனுப்ப வேண்டாம்.

"எங்க வீட்டில் கொஞ்சம் எதிர்பார்க்கிறாங்க" என்று நகை, கார் பற்றி ஒரு வரி வந்தால் அந்த மெயிலை அழிக்காதீர்கள், அப்பாவிடம் காட்டுங்கள். 1961-ம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டப்படி சுற்றி வளைத்துக் கேட்பதும் குற்றம், குறைந்தது 6 மாதம் சிறை. அந்த இடம் வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

எல்லாம் பேசிப் பார்த்தும் மனசு ஒப்பவில்லை என்றால், அவர்கள் ரயில் ஏறும்வரை காத்திருக்காதீர்கள். பெங்களூரிலிருந்து மும்பை வரும் உத்யான் எக்ஸ்பிரஸில் வயதானவர்களோடு ஏறக்குறைய ஒரு முழு நாள் உட்கார்ந்து வந்த பிறகு வேண்டாம் என்று கேட்பது எந்தக் குடும்பத்துக்கும் வேதனை. முதலில் அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள். அவர்கள் தரகர் மூலமோ நேரடியாகவோ பேசட்டும். அன்றைக்கே நீங்களும் எழுதிவிடுங்கள்: "உங்களோடு பேசியதில் சந்தோஷம். யோசித்துப் பார்த்ததில் இது சரிவராது என்று தோன்றுகிறது. வீட்டிலும் சொல்லிவிட்டேன். உங்களுக்கு நல்லபடியாக அமைய வாழ்த்துகள்." காரணம் எழுத வேண்டியதில்லை. அவர் கேட்டால், ஊர் மாற்றல், வேலை போன்ற உண்மையான காரணம் இருந்தால் ஒரு வரியில் சொல்லலாம். ஜாதகத்தின் மேல் பழி போடாதீர்கள். பொருத்தம் பார்த்தபிறகுதானே அவர்கள் உங்களுக்கு எழுதவே ஆரம்பித்தார்கள்.