பத்துப் பேர், இரண்டு பாஷை, ஒரு பாஸ்: ரெய்டு கேள்வி பதில்

பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே உள்ள ஊர்களிலிருந்து வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் ஆட்டம் ஆடுகிற கூட்டம் நாங்கள். 2019 ஆகஸ்டில் அதன் பழைய வடிவமான கிளாசிக் வந்தபோது சேர்ந்தோம். அன்றிலிருந்து ரெய்டு, அதாவது பெரிய கூட்டமாகச் சேர்ந்து பாஸ் என்கிற பலமான எதிரிகளைக் கொல்லும் ஆட்டம், நடத்துகிற வேலை என் தலையில். கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னேன், குவித்துவிட்டீர்கள். ஆளோடு ஆள் மோதுகிற பிவிபி பற்றியும் தங்கம் சேர்ப்பது பற்றியும் வந்தவற்றை ஒதுக்கிவிட்டேன். எனக்கு அதில் ருசி கிடையாது.

கிணத்துக்கடவு, புதியவர்: அண்ணா, ஐந்து பேர் போகிற டன்ஜனுக்கும் ரெய்டுக்கும் ஆள் கணக்கு தவிர என்ன வித்தியாசம்?

ஆள் கணக்கில்தான் எல்லாமே இருக்கிறது, தம்பி. டன்ஜனில் எதிரியின் அடியை வாங்கி நிற்க ஒரு டாங்க், உயிர் ஏற்ற ஒரு ஹீலர், அடிக்க மூன்று பேர். ஒருவர் சொதப்பினாலும் மற்ற நால்வர் தாங்கிக்கொள்ளலாம், செத்தால் திரும்ப ஓடி வரலாம். ரெய்டு பாஸைக் கொன்றால் அந்த வாரம் அந்தக் கேரக்டருக்கு அவன் கிடையாது. அடுத்த வாரம்தான்.

2004இல் ஆட்டம் வந்தபோது பெரிய ரெய்டு என்றால் நாற்பது பேர். மோல்டன் கோரில் பத்து பாஸ்கள், கடைசியில் ராக்னரோஸ். நாற்பது பேரைச் சேர்ப்பது கல்யாண வேலைக்கு ஆள் பிடிப்பது மாதிரி. வருகிறேன் என்று சொன்னவர் வேறு, வந்து நிற்பவர் வேறு. ஆனால் நாற்பதில் ஆறு பேர் தூங்கினாலும் பாஸ் செத்துவிடுவான். 2007இல் பர்னிங் குருசேடில் அது பத்து, இருபத்தைந்து என்று குறைந்தது. பத்துப் பேர் ரெய்டில் தூங்க இடமில்லை. ஒருவர் மொபைலைப் பார்த்தால் ஒன்பது பேர் தரையில் கிடப்போம். நம் பக்கத்தில் நாற்பது பேரை எங்கே பிடிப்பது? அதனால் நாங்கள் பத்திலேயே பழகிவிட்டோம்.

உடுமலை: வாரியர், மேஜ், ஹன்டர் என்று இருக்கிற கேரக்டர் வகைகளில் எந்த கிளாஸ் பெஸ்ட்?

மூன்று மாதம் சலிக்காமல் எதை ஆடுவீர்களோ அது.

முதலமடை, ஹன்டர்: என்னை டன்ஜனில் யாரும் கூப்பிடுவதில்லை. அடி நன்றாகத்தானே வருகிறது?

அடி நன்றாக வருகிறது, சரி. உங்கள் கூட வரும் மிருகத்தின், அதாவது பெட்டின், க்ரவுலை அணைத்தீர்களா? எதிரியைத் தன் பக்கம் இழுக்கிற உறுமல் அது. தனியாக ஆடும்போது க்ரவுல் உங்கள் உயிரைக் காப்பாற்றும். குழுவில் அது டாங்க்கின் பிடியிலிருந்து எதிரியைப் பிடுங்கும். டாங்க் ஒரு பக்கம் திருப்பி வைப்பார், உங்கள் ஓநாய் இன்னொரு பக்கம் திருப்பும், பாஸின் வாய் ஹீலர் முகத்துக்கு நேராக வந்து நிற்கும். பெட் பாரில் அந்தப் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால் தானாக வேலை செய்வது நின்றுவிடும். இன்னொன்று, மேட்டிலிருந்து குதிக்கும் முன் பெட்டை அனுப்பிவிடுங்கள். நீங்கள் குதிப்பீர்கள், அது படி வழியாகச் சுற்றி, வழியில் இருக்கிற அத்தனை பேரையும் ஊர்வலமாகக் கூட்டிக்கொண்டு வரும்.

மீனாட்சிபுரம்: மெயின் வாரியர். இரண்டாவதாக ஒரு கேரக்டர் வளர்க்க ஆசை. எதை எடுக்கலாம்? நேரம் குறைவு, அண்ணா.

இது நல்ல கேள்வி. பெரும்பாலானவர்கள் ஆல்ட், அதாவது இரண்டாவது கேரக்டர், எடுக்கும்போது அடியில் யார் முதலிடம் என்று பட்டியலைப் பார்க்கிறார்கள். நம் பத்துப் பேரில் யார் வராத நாளில் ரெய்டு நின்றுபோகிறது என்று பாருங்கள். எங்களுக்கு அது எப்போதும் ஹீலர். உங்கள் இரண்டாவது கேரக்டர் பிரீஸ்ட்டாகவோ ட்ரூயிடாகவோ இருந்தால் வாரம் ஒரு தடவையாவது உங்கள் வீட்டுக்கு போன் வரும். நான்காவது மேஜாக இருந்தால் வராது.

நேரம் குறைவு என்றால் ட்ரூயிட். டாங்க், ஹீலர், கிட்டே நின்று அடிப்பது, தள்ளி நின்று அடிப்பது என நான்கும் ஒரே உடம்பில். 2009இல் இரண்டு திறன் தொகுப்பை வைத்துக்கொள்ள விடும் இரட்டை டேலண்ட் வந்த பிறகு இரண்டு வேடத்தை மாற்றி மாற்றிப் போடலாம். கேரக்டரை மாற்றாமலே ஆள் மாறிவிடுவீர்கள்.

வளர்ப்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. கேரக்டரைச் சத்திரத்தில் நிறுத்தி லாக்-அவுட் செய்தால் எட்டு மணி நேரத்துக்கு ஒரு லெவலின் 5 சதவீதம் ஓய்வு அனுபவம் சேரும். அதிகபட்சம் ஒன்றரை லெவல், நிரம்பப் பத்து நாள். காட்டில் நிறுத்தினால் நான்கு மடங்கு மெதுவாகச் சேரும். இந்த ஓய்வு இருக்கும்வரை மிருகத்தைக் கொன்றால் இரட்டிப்பு அனுபவம். குவெஸ்ட், அதாவது ஆட்டம் கொடுக்கிற வேலை, முடிக்கும் பரிசுக்கு இரட்டிப்பு இல்லை. ஆகவே ஓய்வு நிரம்பிய நாளில் டன்ஜனுக்குப் போங்கள், தீர்ந்த நாளில் குவெஸ்ட் செய்யுங்கள். இரண்டு ஆல்ட்டை மாற்றி மாற்றி வளர்த்தால் எப்போதும் ஒன்று ஓய்வில் இருக்கும். மாடு கட்டுகிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவரே: ரெய்டு நடுவிலேயே ஆல்ட்டுக்கு மாறலாமா?

மாறலாம். அந்த ஆல்ட் அந்த வாரம் வேறு கூட்டத்தோடு அதே ரெய்டில் பாஸ் கொன்றிருக்கக் கூடாது. வார்லாக் இருந்தால் மற்ற இருவர் கைகொடுக்க உள்ளேயே இழுத்துக்கொள்வார். ஆனால் மருந்து, சாப்பாடு எல்லாம் அந்தப் பையில் முன்னாலேயே இருக்க வேண்டும். ஒன்பது பேரை நிறுத்தி வைத்துவிட்டு ஏல வீட்டுக்குப் போகிறவரை நான் அடுத்த வாரம் கூப்பிடுவதில்லை.

நெம்மாரா: மார்ச் கடைசியில் ரெய்டு நேரம் திடீரென மாறிவிட்டதே, ஏன்?

நாம் மாற்றவில்லை, ஐரோப்பா கடிகாரத்தை மாற்றியது. இந்தியாவில் சர்வர் கிடையாது, நாம் ஐரோப்பிய சர்வரில் ஆடுகிறோம். அவர்களுடைய இரவு எட்டு மணி குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை, கோடையில் பதினொன்றரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

வேலந்தாவளம்: வாரியர் பெஸ்டா, பாலடின் பெஸ்டா?

உடுமலைக்காரருக்குச் சொன்ன பதில்.

பாலக்காட்டுச் சித்தூர், டாங்க்: அண்ணா, எல்லாரும் கேட்கிற இடத்தில் கேட்கிறேன். அன்றைக்கு ஃபெஸ்டர்கட்டில் நாம் செத்தது என்னுடைய தப்பா?

இல்லை. என்னுடைய தப்பு. நடந்ததைச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உபயோகப்படும்.

ஐஸ்கிரவுன் சிட்டடெல், பத்துப் பேர். ஃபெஸ்டர்கட் டாங்க்கின் மேல் ஒரு வீக்கத்தை ஏற்றிக்கொண்டே இருப்பான். பத்தாவது ஏறினால் டாங்க் வெடித்துவிடுவார். அதனால் ஒன்பதில் இன்னொரு டாங்க் டாண்ட் அடித்து, அதாவது வம்புக்கு இழுத்து, பாஸை வாங்கிக்கொள்ள வேண்டும். இதற்கு நடுவே இரண்டு பேர் மேல் வித்துப்பை வரும். அது வெடிக்கும்போது எல்லாரும் பக்கத்தில் நின்றால்தான் தடுப்பூசி மாதிரி ஒன்று ஏறும். மூன்று ஏறாதவர் கடைசியில் பாஸ் விடுகிற நாற்றத்தில் பிழைப்பது கஷ்டம்.

ஒன்பது வந்தது. மைக்கில் நான் கத்தினேன்: "மாறு! மாறு!" தமிழில் மாறு என்றால் டாங்க் மாறு, வேறென்ன? மலையாளத்தில் "மாறு" என்றால் விலகிப் போ. சித்தூர்த் தம்பி நல்ல பிள்ளையாக டாண்ட் அடிக்காமல் விலகிப் போனார். அவரோடு கொல்லங்கோட்டு ஆட்கள் மூன்று பேரும் வித்துப்பையை விட்டு விலகி ஓடினார்கள். பாஸைப் பிடித்திருந்த டாங்க் நான்தான், பத்தாவது வீக்கத்தில் வெடித்தேன். மிச்சப் பேரை நாற்றம் பார்த்துக்கொண்டது. அரை நிமிடம் மைக்கில் சத்தமே இல்லை. அப்புறம் ஒருவர் மெதுவாக, "சேட்டா, மாறியல்லோ?" என்றார். விலகிவிட்டோமே என்று அர்த்தம்.

பொள்ளாச்சி: இதுக்குத்தான் அப்பவே சொன்னேன், இங்கிலீஷ்லயே சொல்லுங்கன்னு.

சொன்னீர்கள், இரண்டு வாரம் செய்தும் பார்த்தோம். "லெஃப்ட்" என்றால் யாருக்கு லெஃப்ட், பாஸைப் பார்த்து நிற்பவருக்கா, பாஸுக்கா என்று நாலு பேர் நாலு பக்கம் போனார்கள். பதற்றத்தில் வாயில் வருவது வீட்டுப் பாஷைதான். அந்த வெடிப்பிலும் நான் "ஐயோ" என்றுதான் கத்தினேன்.

கோபாலபுரம்: இது தமிழ்க் குழு. தமிழில் சொல்லுங்கள், பழகிக்கொள்ளட்டும்.

பத்தில் நான்கு பேர் வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள். இரண்டு ஹீலரும் அவர்கள்தான். பழகிக்கொள்ளட்டும் என்று அவர்களிடம் நீங்களே மைக்கில் சொல்லுங்கள், அப்புறம் உங்களுக்கு யார் உயிர் கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம்.

கொல்லங்கோடு, ஹீலர்: அப்போ மலையாளத்திலேயே சொல்லலாமே. தமிழ்க்காரர்களுக்கு மலையாளம் புரியும்தானே?

புரியும் என்று நினைத்தால்தான் ஆபத்து. முழுக்கப் புரியாத பாஷை என்றால் எச்சரிக்கையாக இருப்போம், பாதி புரிகிற பாஷை காலை வாரும். நீங்கள் "பின்னே" என்றால் அப்புறம். எனக்குப் பின்னே என்றால் முதுகுப் பக்கம். "ஹீல் பின்னே" என்று நீங்கள் சொன்ன அன்று நம் ரோக் பாஸுக்குப் பின்னால் போய் ஹீலுக்காக நின்றார், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் மேஜிடம் "வெள்ளம் தா" என்று தண்ணீர் கேட்டபோது, வெள்ளம் வரவழைக்கும் மந்திரம் எந்த லெவலில் வரும் என்று அந்தப் பையன் என்னிடம் தனியாகக் கேட்டான்.

சரி, இப்போது எங்கள் ஏற்பாடு இது. ஓடு, நில்லு, வா, வலது, இடது, எண்கள் எல்லாம் இரண்டு பக்கமும் காதுக்கு ஒன்றுதான், அவற்றை வைத்துக்கொண்டோம். ஒன்பது இரண்டு ஊரிலும் ஒம்பதுதான். இடத்துக்குத் தரையில் குறி போடுகிறோம், நட்சத்திரம், நிலா, மண்டையோடு. டாங்க் மாற வினைச்சொல்லே கிடையாது. எட்டாவது வீக்கத்தில் அடுத்த டாங்க்கின் பெயரை ஒரு தடவை, ஒன்பதில் இரண்டு தடவை. மாறு என்ற சொல்லை மைக்கில் சொன்னால் அடுத்த ரெய்டுக்கு எல்லாருக்கும் மருந்து காய்ச்சித் தர வேண்டும். இதுவரை மூன்று முறை நானே காய்ச்சியிருக்கிறேன்.

கோபாலபுரம்: இருந்தாலும் தமிழ்...

போதும். இந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது.

ஆனைமலை: எப்போதும் அடியில் நான்தான் முதல். ஆனால் பாதியில் செத்துவிடுகிறேன். ஹீலர் கவனிப்பதில்லை.

ஹீலர் மேல் பழி போடாதீர்கள். கிட்டே நின்று அடிப்பவர் டாங்க்கின் த்ரெட்டில், அதாவது பாஸ் வைத்திருக்கிற கோபக் கணக்கில், 110 சதவீதத்தைத் தாண்டினால் பாஸ் அவர் பக்கம் திரும்பும். தள்ளி நிற்பவருக்கு 130. டாங்க் பாஸைப் பிடிப்பதற்குள் நீங்கள் பெரிய அடியாக இறக்குகிறீர்கள். ஐந்து விநாடி கையைக் கட்டி நில்லுங்கள். செத்தவர் அடிக்கிற அடி பூஜ்யம்.

கொழிஞ்சாம்பாறை, புது ஹீலர்: யார் கத்துகிறார்களோ அவர்களுக்கே போட்டுப் போட்டு மந்திர சக்தியான மானா தீர்ந்துவிடுகிறது.

பந்தியில் பரிமாறியிருக்கிறீர்களா? சாம்பார் சாம்பார் என்று கூப்பிடுகிறவன் இலையில் ஏற்கெனவே குளம் இருக்கும். பேசாமல் உட்கார்ந்திருக்கிற பெரியவர் இலைதான் காலி. காதால் அல்ல, இலையைப் பார்த்துப் பரிமாறுங்கள். டாங்க் இலை முதலில், அப்புறம் உங்கள் இலை, அப்புறம்தான் மற்றது. ஆனைமலைக்காரர் கடைசி.

வால்பாறை: காசு கொடுத்தால் ஒருவர் என் கேரக்டரை வளர்த்துத் தருகிறேன் என்கிறார், பாஸ்வேர்டு கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். கணக்கைப் பிறரிடம் கொடுப்பது விதிப்படி தடை. பொருளும் போகும், கணக்கும் போகும்.

நெகமம்: ஆடியில் காற்றடித்தால் கரண்ட் போய்விடுகிறது. என்ன செய்வது?

கணவாய்க்கு எதிரே குடியிருக்கிறோம், காற்று வரத்தான் செய்யும். மட்டை கம்பி மேல் விழத்தான் செய்யும். லேப்டாப் தாங்கும், ரவுட்டர் தாங்காது. ரவுட்டருக்குத் தனியாக ஒரு சின்ன பேட்டரி வாங்குங்கள். போன வருஷம் நம் ஹீலர் பாஸ் முன்னால் சிலையாக நின்றார், நாங்கள் அவருக்கு மைக்கில் ஆரத்தி எடுக்காத குறை.

சூலூர்: ஃபைனல் ஃபேன்டசி பதினான்கில் ஒரே கேரக்டரில் எல்லா வேலையும் பழகலாமாமே? ஆல்ட்டே வேண்டாமாமே?

ஆமாம், அங்கே ஆயுதத்தை மாற்றினால் வேலை மாறும். எட்டுப் பேர் ரெய்டு. நான் நிறைய ஆடியதில்லை, ஆடுகிறவர்களிடம் கேளுங்கள்.

மடத்துக்குளம்: ஹன்டரா, மேஜா, எது பெஸ்ட்?

மூன்றாவது தடவை. மேலே போய்ப் படியுங்கள்.

முதலமடை, ஹன்டர்: அண்ணா, இன்றைக்கு ஒரு இடம் காலியாமே. நான் வரலாமா?

வாருங்கள். பன்னிரண்டரைக்கு, மருந்தோடு. க்ரவுலை அணைத்துவிட்டு.