அப்பப்பாவின் பதிகப் புத்தகம் கொழும்பில் இருக்குமா?

கேள்வி: எங்கள் அப்பப்பா தமிழ் வாத்தியார். 1957 அளவில் கோணேசர் மேல் ஒரு பதிகம் பாடிச் சிறு புத்தகமாக அச்சிட்டார். 1968இல் காலமாகிவிட்டார். 1990இல் இடம்பெயர்ந்தபோது வீட்டில் இருந்த பிரதிகள் எல்லாம் போய்விட்டன. அவர் கைப்பட எழுதிய இரண்டு கொப்பிகள் மட்டும் மிச்சம். கொழும்புச் சுவடிக்கூடத்தில் இப்போது எல்லாம் கணினிமயமாகிவிட்டது, புத்தகத்தை ஸ்கேன் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் 40,000 ரூபா கேட்கிறார். கொப்பிகளையும் வெளிநாட்டு நிதியில் டிஜிட்டல் செய்து தருவதாகச் சொல்லி ஒன்றை வாங்கிப் போயிருக்கிறார். காசைக் கொடுக்கலாமா? நாங்களே தேடினால் கிடைக்குமா?
– உப்புவெளி வாசகி

பதில்: காசு கொடுக்க வேண்டாம். ஆனால் காசை விட அவசரம், அவர் கொண்டுபோன கொப்பி. இதைப் படித்து முடித்ததும் அதைத் திருப்பி வாங்கும் வேலையைப் பாருங்கள். ஸ்கேன் இன்னும் முடியவில்லை என்றால், மிச்சத்தை எங்கள் வீட்டில் வைத்து எடுங்கள் என்று சொல்லி வாங்குங்கள். அச்சுப் புத்தகத்துக்கு எங்காவது இன்னொரு பிரதி இருக்க வாய்ப்பு உண்டு. கையெழுத்துக் கொப்பிக்கு இல்லை. போனால் போனதுதான்.

இந்தப் பேச்சு திருகோணமலையில் புதிதில்லை. இடப்பெயர்வுக்கும் 2004 சுனாமிக்கும் தப்பிய வீடுகளில் ஒரு ட்ரங்குப் பெட்டிக்குள் ஏடு, பழைய கடிதம், முத்திரை ஒட்டிய உறை, கோயில் கணக்கு என்று கொஞ்சம் கிடக்கிறது. தேடி வருகிறவர்கள் "பாதுகாக்கிறோம்" என்பார்கள். முத்திரைக்கும் ஏட்டுக்கும் நல்ல விலைக்கு ஆள் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். உண்மையாக ஆவணப்படுத்த வருகிறவர் முதலில் உங்களிடம் எழுத்தில் சம்மதம் கேட்பார். எத்தனை பக்கம், அட்டை இருக்கிறதா, எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று எழுதிக் கையெழுத்து வைத்து ஒரு துண்டு தருவார். முடிந்தால் உங்கள் மேசையிலேயே வைத்துப் படம் எடுப்பார். எடுத்ததில் ஒரு பிரதி உங்களுக்கும் தருவார். 2005இல் தொடங்கி ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கத் தரும் நூலக நிறுவனம் இருக்கிறது. இப்படியான கொப்பிகளைப் பற்றி முதலில் அவர்களுக்கு எழுதலாம். ரசீது தராமல் மூலத்தைத் தூக்கிப் போகிறவருக்கு, அவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், ஒரு தாளும் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டில் இருந்தால் பத்திரம் என்று கொப்பியைக் கொண்டுபோனவர் சொல்லியிருப்பார். 2023 ஒக்டோபரில் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை இணையத் திருடர்கள் முடக்கினார்கள். நூற்பட்டியலைக்கூட மாதக்கணக்கில் பார்க்க முடியவில்லை. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்த நிலை. மூலம் உங்கள் வீட்டிலும் படங்கள் இரண்டு மூன்று இடங்களிலும் இருப்பதுதான் பத்திரம்.

சரி, "எல்லாம் கணினிமயம்" என்ற பேச்சுக்கு வருவோம். ஒரு நூலகம் கணினிமயமாகிவிட்டது என்றால் அதிகம் நடந்திருப்பது, பழைய அட்டைப் பட்டியல் கணினிக்குள் போயிருப்பதுதான். புத்தகத்தின் பெயர், ஆசிரியர், ஆண்டு, அலுமாரி எண். அவ்வளவே. பக்கங்களைப் படம் எடுப்பது அடுத்த கட்டம். அந்தப் படங்களை வீட்டிலிருந்தே திறந்து பார்க்கவிடுவது அதற்கும் அடுத்தது. பக்கத்துக்குள் இருக்கும் சொல்லைத் தேட முடிவது கடைசிக் கட்டம். தமிழுக்கு இது இன்னும் தகராறு. 1957இல் நம் அச்சகங்கள் கோத்த ஈய எழுத்தில் 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கை போட்ட பழைய வடிவம்; 'றா', 'னா' வேறு உரு. கணினி அவற்றைத் தப்பாக வாசிக்கும். ஆகவே போனில் பெயரைத் தட்டி ஒன்றும் வரவில்லை என்பதால் புத்தகம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பட்டியலில் பெயரைக் கண்டதாலேயே ஸ்கேன் தயாராக இருக்கிறது என்றும் நம்பாதீர்கள். தரகர் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். பட்டியலில் வரும் ஒரு வரியைப் போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பி "கண்டுபிடித்துவிட்டேன், முற்பணம் போடுங்கள்" என்பார். அந்த வரியை நீங்களே இலவசமாகப் பார்த்திருக்கலாம்.

எதை முதலில் படம் எடுப்பது என்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது. சுவடிக்கூடத்தில் இருக்கும் ஒல்லாந்தக் (டச்சு) கிழக்கிந்தியக் கம்பனிப் பதிவேடுகள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியவை. வெளிநாட்டு நிதியும் ஆய்வாளர்களும் அந்தப் பக்கம் போவார்கள். அந்தப் பதிவேடுகள் முக்கியம்தான். ஆனால் திருகோணமலை வாத்தியார் ஒருவர் தன் கைக்காசில் அச்சிட்ட மெல்லிய பதிகப் புத்தகத்துக்கு எந்தத் தூதரகமும் நிதி தராது. அதைக் கேட்டு ஒரு பேத்தி கடிதம் எழுதினால்தான் அது அலுமாரியை விட்டு வெளியே வரும்.

புத்தகம் எங்கே இருக்கலாம்? இலங்கையில் அச்சிடுவோர், வெளியிடுவோர் பற்றிய சட்டம் 1885இல் வந்தது. இங்கே அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் பிரதிகளை அரசுக்குக் கொடுக்கவேண்டும் என்பது அதன் விதி. அப்படிச் சேர்ந்தவை கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் (நீங்கள் சொல்லும் சுவடிக்கூடம் இதுதான்) நூதனசாலை நூலகத்திலும் இருக்கின்றன. பேராதனைப் பல்கலைக்கழக நூலகமும் இந்த வரிசையில் உண்டு. தேசிய நூலகம் என்றதும் எல்லோரும் சுதந்திர அவெனியூக் கட்டடத்துக்குத்தான் ஓடுவார்கள். அது திறந்தது 1990இல், நீங்கள் வீட்டை விட்டு வெளியேறிய அதே ஆண்டு. தேசிய நூற்பட்டியலும் 1960களின் தொடக்கத்தில்தான் வரத் தொடங்கியது. 1957 நூலை அதில் தேடிப் பயனில்லை. உங்கள் விஷயத்தில் முதலில் கேட்கவேண்டிய இடம் நூதனசாலை நூலகமும் சுவடிக்கூடமும். யாழ்ப்பாணப் பொது நூலகத்திலும் ஒரு பிரதி இருந்திருக்கலாம். 1981இல் அங்கே எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களோடு அதுவும் போயிருக்கும்.

இங்கே கவனமாக நில்லுங்கள். மேலே சொன்னது எல்லாம் புத்தகம் இலங்கையில் அச்சாகியிருந்தால்தான். அந்தக் காலத்தில் நம்மவர் பலர் கையெழுத்துப் பிரதியைச் சென்னைக்கு அனுப்பி அங்கே அச்சிட்டார்கள். திருகோணமலைக்கு இது பழைய வழக்கம். இந்த ஊரில் பிறந்த த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் எழுதிய 'மோகனாங்கி' நாவலும் சென்னையில்தான் வெளிவந்தது. உங்கள் புத்தகமும் அப்படியென்றால் கொழும்பில் அதற்குப் பதிவே இராது. 40,000 அல்ல, நாலு லட்சம் கொடுத்தாலும் அங்கே கிடைக்காது. இல்லை என்ற பதிலை எடுத்துக்கொண்டு வந்து தரகர் செலவுக் காசு கேட்பார். சென்னை அச்சென்றால் தேடவேண்டிய இடங்கள் வேறு. இந்தியாவில் 1954இல் வந்த சட்டப்படி நூல்கள் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று கன்னிமாரா நூலகம். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இப்படியான சின்னச் சின்னப் பக்திப் பிரசுரங்கள் ஏராளம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். மூன்றிடமும் தேடாமல் கைவிடாதீர்கள். இலங்கையில் அச்சாகியும் பிரதி அனுப்பாமல் விட்ட சின்ன அச்சகங்களும் உண்டு. அதற்கு யாரும் ஒன்றும் செய்யமுடியாது.

எங்கே அச்சானது என்று எப்படித் தெரியும்? வயதான மாமிமாரிடம் கேளுங்கள். அச்சகத்தின் பெயர் நினைவிருக்காவிட்டாலும் "கப்பலில் பார்சல் வந்தது", "அப்பா பின்னேரம் போய்ப் புரூப் பார்த்துவிட்டு வருவார்" என்று ஏதாவது ஒன்று வரும். அதில் ஒன்று சென்னை, ஒன்று உள்ளூர். கொப்பியின் கடைசித் தாள்களையும் பாருங்கள். அச்சுக்கூலி, தாள் விலை, யார் யாருக்கு எத்தனை பிரதி என்ற கணக்குகளை நம் வாத்தியார்கள் அங்கேதான் எழுதுவார்கள். கொப்பியை விடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் காரணம். திருடும் நோக்கமே இல்லாதவர்கூட, வெறும் கணக்குத்தானே என்று அந்தத் தாள்களைப் படம் எடுக்காமல் விட்டுவிடுவார்.

இன்னொரு வழியும் உண்டு. மேலே சொன்ன 1885ஆம் ஆண்டு இலங்கைச் சட்டப்படி பதிவான நூல்களின் பட்டியல் காலாண்டுக்கு ஒருமுறை அரச வர்த்தமானியில் வரும். ஆசிரியர் பெயர், அச்சகம் எல்லாம் அதில் இருக்கும். 1956 தொடங்கி 1959 வரைக்குமான பட்டியல்களைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டார் சொல்லும் ஆண்டு ஒன்றிரண்டு முன்பின் போகும். வீரகேசரி, தினகரன் பழைய தொகுப்புகளிலும் மதிப்புரை வந்திருக்கலாம். அப்பப்பாவின் பெயரை ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் எழுதலாமோ அத்தனை விதமாகவும் எழுதிக் கொடுங்கள். பட்டியல் போட்டவர் 'த'வுக்கு எந்த எழுத்தைப் பிடித்தார் என்று யாருக்கும் தெரியாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தை விட்டும் ஒருமுறை தேடவேண்டும்.

இதற்கெல்லாம் கொழும்புக்கு இரவு பஸ் ஏறவேண்டுமா? முதலில் வேண்டாம். நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு, நீங்கள் யார், எதற்குக் கேட்கிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் தமிழிலேயே எழுதிப் பதிவுத் தபாலில் சுவடிக்கூடத்துக்கும் நூதனசாலை நூலகத்துக்கும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். இந்த நூல் உங்கள் பதிவேட்டில் உண்டா, உண்டென்றால் எந்த எண்ணில் என்று மட்டும் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தருகிறோமா இல்லையா என்று அவர் முடிவு சொல்லவேண்டும். எண் கையில் கிடைத்தபிறகு போங்கள். போகும்போது தேசிய அடையாள அட்டை, உங்கள் கடிதத்தின் பிரதி, அப்பப்பாவுக்கும் உங்களுக்கும் உள்ள உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ்கள் கையில் இருக்கட்டும். பிரதிக்கான கட்டணத்தை நிறுவனத்திலேயே கட்டி ரசீது வாங்குங்கள். வாசலில் நின்று "நான் உள்ளே எடுத்துத் தருகிறேன்" என்று சொல்கிறவர் எவரோடும் பேச்சு வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு சின்னப் புத்தகத்துக்கு இத்தனை அலைச்சல் ஏன் என்று கேட்பீர்கள். எனக்கும் பொறுமை இல்லை. நவீனமயம் என்றதும் புதுக் கட்டடம், புது இயந்திரம், திறப்பு விழா. கண்டியில் சுவடிக்கூடத்துக்கு ஒரு கிளை உண்டு. திருகோணமலைக்காரருக்கு அதுவும் மலையேறிப் போகும் தூரம். நம் பொது நூலகத்திலோ கோணேசபுரி வளாக நூலகத்திலோ ஒரு கணினியை வைத்து, தமிழ் எழுத்தில் தேடக்கூடிய பட்டியலைக் கொடுத்து, இங்கேயே விண்ணப்பத்தை வாங்கி, பிரதியைத் தபாலில் அனுப்பினால் தரகருக்கு வேலையே இல்லை. இதற்குக் கோடிக்கணக்கில் நிதி தேவையில்லை. இரண்டு அலுவலர், ஒரு ஒழுங்கு போதும். அதைச் செய்யாமல் வைத்துவிட்டு, மக்கள் ஆவணங்களைப் பயன்படுத்துவதில்லை என்று கூட்டத்தில் குறைப்படுவதைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது.

புத்தகம் கிடைத்தால் முழுதும் பிரதி எடுக்க விடுவார்களா என்று ஒரு சிக்கல் வரும். பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரைக்கும். அப்பப்பா 1968இல் இறந்ததால் 2038 வரை அது உங்கள் குடும்பத்துக்குரியது. அவருடைய பிள்ளைகளில் இருப்பவர்களும் பேரப்பிள்ளைகளும் எல்லோரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஒன்று கொண்டுபோங்கள். மறுபதிப்புப் போடும்போதும் அது உதவும்.

கொப்பிகளை இப்போதே நீங்கள் போனில் படம் எடுக்கலாம். வெயில் நேரே விழாத ஜன்னலோரம், பகல் வெளிச்சம், ஃபிளாஷ் வேண்டாம். முன் அட்டையில் தொடங்கி வெற்றுத் தாளையும் விடாமல் வரிசையாக எடுங்கள். துருப்பிடித்த குண்டூசி இருந்தால் இழுக்காதீர்கள். தாள் கிழியும், தாளுக்கும் ஊசிக்கும் இடையில் ஒரு மெல்லிய கடதாசியைச் செருகிவைத்தால் போதும். செலோடேப் ஒட்டவேண்டாம், லமினேட் செய்யவே வேண்டாம். நம் ஊர்க் கடல் காற்றின் ஈரம் உள்ளே அகப்பட்டுவிட்டால் தாள் பழுப்பாகி ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க வழியில்லை. பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, நிலத்தில் படாமல் அலுமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். அவரிடம் இருக்கும் கொப்பி வந்ததும், ஆளை அனுப்பிவிடாமல் அவர் முன்னாலேயே பக்கங்களை எண்ணிப் பாருங்கள்.