சபையார் பாட வேண்டாமா?

வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பல, ஆராதனையில் பாடுவதைப் பற்றியே இருந்தன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் ஆலயத்தில் சென்ற ஆண்டு புதிய ஒலிபெருக்கிகளும் மேடையும் அமைத்து, இளைஞர் பாடற்குழு ஒன்றை ஏற்படுத்தினோம். அவர்கள் நன்றாகவே பாடுகிறார்கள். ஆனால் சபையார் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்களே தவிர வாய் திறப்பதில்லை. கமிட்டியில் இதைச் சொன்னபோது, "பழைய ஏற்பாட்டில் பாடுவதற்கென்றே லேவியரை ஏற்படுத்தவில்லையா? மற்றவர்கள் மனதுக்குள் தியானித்தால் போதாதா?" என்று கேட்டார்கள். சபையார் பாடுவது அவ்வளவு முக்கியமா?
— தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: மிகவும் முக்கியம். லேவியரைப் பற்றிய கேள்வி நியாயமானது, அதிலிருந்தே தொடங்குகிறேன். தாவீது பாடுவதற்கென்று ஏற்படுத்தியவர்கள், பயிற்சி பெற்றவர்களாக 288 பேர் இருந்தார்கள் என்று 1 நாளாகமம் 25ஆம் அதிகாரம் கணக்குச் சொல்லுகிறது. ஆனால் அதே புத்தகத்தின் 16ஆம் அதிகாரத்தில், அவர்கள் பாடி முடித்தபோது ஜனங்களெல்லாரும் "ஆமென்" என்று சொல்லிக் கர்த்தரைத் துதித்தார்கள் என்றும் வாசிக்கிறோம். 136ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். இருபத்தாறு வசனங்களிலும், "அவர் கிருபை என்றுமுள்ளது" என்ற ஒரே அடி திரும்பத் திரும்ப வருகிறது. தனியொருவர் பாடுவதற்காக எழுதப்பட்ட பாட்டில் ஒரே அடியை இருபத்தாறு முறை வைக்க வேண்டிய அவசியமில்லை. ஒருவர் முன்னடியைப் பாட, கூடியிருக்கும் மக்கள் பின்னடியால் பதில் சொல்லவே அது அப்படி அமைந்திருக்கிறது. லேவியர் இருந்த காலத்திலும் ஜனங்கள் ஊமையாய் நிற்கவில்லை.

புதிய ஏற்பாட்டிலோ ஆசாரியரென்றும் ஜனங்களென்றும் இருந்த பிரிவே எடுபட்டுப்போகிறது. விசுவாசிகள் அனைவரையும் ராஜரீகமான ஆசாரியக்கூட்டம் என்று பேதுரு எழுதுகிறார். அந்த ஆசாரியக்கூட்டம் செலுத்த வேண்டிய பலி எது என்பதை எபிரெயர் நிருபம் சொல்லுகிறது: உதடுகளின் கனியாகிய ஸ்தோத்திரபலி. நம்முடைய காணிக்கையை அடுத்தவர் பையிலிருந்து எடுத்துப் போட நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். உதடுகளின் கனியை மட்டும் மேடையில் நிற்கும் ஆறு பேர் நமக்காகச் செலுத்திவிட முடியுமா?

இதைவிடவும் என் மனதில் ஆழமாய்ப் பதிந்தது கொலோசெயர் 3:16. சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும் "ஒருவருக்கொருவர் போதித்து புத்திசொல்லிக்கொண்டு" என்று பவுல் அங்கே எழுதுகிறார். பாட்டு தேவனை நோக்கி ஏறுவது மட்டுமல்லாமல், பக்கத்து பெஞ்சை நோக்கியும் போகிறது என்பதே இதன் பொருள். கணவனை இழந்த ஒரு தாய், அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, உயிர்த்தெழுதலைப் பற்றிய சரணத்தை நடுங்கும் குரலில் பாடும்போது, அவருக்குப் பின்னால் நிற்கும் இளைஞன் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டிராத ஒன்றைக் கேட்கிறான். அந்தத் தாயின் குரல் ஒலிபெருக்கியில் அமுங்கிப்போனால், அன்றைக்கு அந்தச் சபையில் ஒரு போதகம் நடக்காமலே போய்விடுகிறது.

சபையின் வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. ஏறக்குறைய 112ஆம் ஆண்டில் பித்தினியா மாகாணத்தின் ஆளுநராயிருந்த பிளினி, உரோமப் பேரரசன் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் போற்றி மாறி மாறிப் பாடுகிறார்கள் என்று தெரிவிக்கிறான். விசாரணை செய்த அந்நிய அதிகாரி ஒருவனுக்கு இந்த மக்களைப் பற்றிச் சொல்லத் தோன்றிய சில காரியங்களில் அவர்கள் சேர்ந்து பாடினது ஒன்று. ஆனால் நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய சபைத் தலைவர்களின் சங்கம், நியமிக்கப்பட்ட பாடகர்கள் தவிர வேறொருவரும் ஆலயத்தில் பாடலாகாது என்று விதித்தது. ஒழுங்குக்காகச் செய்த ஏற்பாடாக இருந்திருக்கலாம். ஆயினும் மேற்றிசைச் சபைகளில் ஆராதனை மொழியே மக்களுக்குப் புரியாமற்போன பின்பு, நூற்றாண்டுகளாகச் சபையின் வாய் பெரும்பாலும் அடைபட்டே கிடந்தது. 1524இல் ஜெர்மனியில் ஒரு சிறு ஏடு அச்சாயிற்று. அதில் எட்டே பாட்டுகள். அவற்றுள் நான்கு, திருச்சபைச் சீர்திருத்தத் தலைவர் மார்ட்டின் லூத்தர் இயற்றியவை. சாதாரண மக்கள் தங்கள் தாய்மொழியில் பாடுவதற்கென்று அவை வெளிவந்தன. கத்தோலிக்கத் திருச்சபையிலும், 1963 டிசம்பர் 4ஆம் தேதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், மக்கள் முழுமையாகவும் உணர்வோடும் செயலூக்கத்தோடும் பங்கேற்பது திருமுழுக்கினால் அவர்களுக்குள்ள உரிமையும் கடமையும் ஆகும் என்று அறிவித்தது. அரும்பாடுபட்டு மீட்ட ஒன்றை, புதிய ஒலிபெருக்கி வாங்கிய மகிழ்ச்சியில் நாமே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

உங்கள் இளைஞர்கள் மேல் நான் குற்றம் சொல்லவில்லை. அவர்களுடைய ஆர்வம் பெரிய ஆசீர்வாதம். ஒருவர் தனியாகப் பாடுவதற்கும் ஆராதனையில் இடமுண்டு. மக்கள் வாய் திறவாததற்கான காரணம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதே. தன் குரல் தன் காதிலும், பக்கத்தில் நிற்பவர் குரல் லேசாகவும் விழாத இடத்தில் எந்த மனிதனும் பாடுவதில்லை. ஒலிபெருக்கியைக் கவனிப்பவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை நடு பெஞ்சில் நிற்கச் சொல்லுங்கள்; சபையின் குரல் மேடையின் குரலுக்கு மேலே கேட்கும்வரை அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். அடுத்தபடியாகச் சுருதி. சினிமாவில் பாடுகிறவர்களின் குரலுக்கென்று அமைத்த கட்டையில் தொடங்கினால், சரணத்தின் உச்சியில் ஆண்கள் நிறுத்திவிடுவார்கள், பெண்கள் முணுமுணுப்பார்கள். சபைப் பாட்டு ஆர்மோனியத்தின் நடு 'சி'யிலிருந்து அடுத்த ஸ்தாயியின் 'டி' வரையுள்ள ஒன்பது சுரங்களுக்குள் அடங்கினால், ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழேயும் பெண்கள் மேலேயுமாக எல்லாரும் சிரமமில்லாமல் பாடலாம். உயர்ந்த குரலுடைய முன்பாடகருக்கு இது சற்றுத் தாழ்வாகவே இருக்கும். சபைக்காக அவர் அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கேள்வி: எனக்கு ஐம்பத்தெட்டு வயது. சிறுவயதிலேயே, "உனக்குச் சுருதி சேராது, சும்மா நில்" என்று சொல்லிவிட்டார்கள். சென்ற மாதம் பாடத் துணிந்தேன். முன் பெஞ்சிலிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். இனிப் பாடாமல் மனதுக்குள் துதிக்கலாமா?
— மதுரையிலிருந்து ஒரு வாசகி

பதில்: சகோதரி, பாடுங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். ஐம்பது வருடங்களாக ஒரு பிள்ளையின் வாயை ஒரு சொல் கட்டிப்போட்டிருப்பது எனக்கு மிகுந்த வேதனையாயிருந்தது.

சுரங்களின் வேறுபாட்டை உண்மையாகவே அறிய முடியாதவர்கள் மிகச் சிலரே. "எனக்குப் பாட வராது" என்பவர்களில் பெரும்பாலோர், தங்கள் குரலுக்கு எட்டாத சுருதியில் பாடச் சொல்லி அவமானப்படுத்தப்பட்டவர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சனிக்கிழமை மாலைகளில் பாடற்பயிற்சி நடத்திய அனுபவத்தில் இதைச் சொல்லுகிறேன். ஒரே சுரத்தில் உறுமுவதுபோல் பாடும் கொத்தனார் ஒருவர், பாடகர் குழுவில் சேர வேண்டுமென்று வந்தார். அவருக்குத் தனியாக ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. நல்ல குரலுடைய இரண்டு பேருக்கு நடுவில் அவரை நிறுத்தி, அவர்கள் இருவரையும் சற்று மெதுவாகப் பாடச் சொன்னேன். முதல் மாதம் அவர் குரல் இருவரிடமிருந்தும் விலகியே நின்றது. மூன்றாம் மாதத்தில் ஒருநாள், பல்லவியின் முடிவில் ஆதார சுரமாகிய சட்ஜத்தில் அவர்களோடு வந்து நின்றார். நின்றதை அவரே உணர்ந்துகொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நீங்களும் நன்றாகப் பாடும் ஒரு சகோதரிக்கு அருகில் நின்று, அவருடைய குரலைக் கேட்கும் அளவுக்கு மெதுவாகப் பாடிப் பழகுங்கள்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1761இல் சபையார் பாடும் முறையைக் குறித்துச் சில கட்டளைகளை எழுதினார். எல்லாரும் பாட வேண்டும். பாடுவது உனக்குச் சிலுவையாயிருந்தால் அதை எடுத்துக்கொள், அது ஆசீர்வாதமாயிருக்கக் காண்பாய் என்பது அவற்றுள் ஒன்று. மற்றவர்களுக்கு மேலாகத் தன் குரல் கேட்கும்படி கத்தக்கூடாது என்றும் அவரே எழுதியிருக்கிறார். முன்னது உங்களுக்கு ஆறுதல்; பின்னது என்னைப்போன்ற பயிற்சி பெற்ற பாடகர்களுக்கு எச்சரிக்கை.

மனதுக்குள் துதிப்பது நல்லதுதான். ஆனால் 100ஆம் சங்கீதம் குரல் வளமுள்ளவர்களை மட்டும் அழைக்கவில்லை. பூமியின் குடிகள் எல்லாரையும் கெம்பீரமாய்ப் பாட அழைக்கிறது. திரும்பிப் பார்த்தவர் இந்தப் பக்கத்தை வாசிப்பாரானால், அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்களிடம் வந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: பாமாலை பாட வேண்டும் என்கிறார்கள் பெரியவர்கள் சிலர். கீர்த்தனைதான் நம்முடையது என்கிறார்கள் வேறு சிலர். வாலிபர்களோ புதிய பாடல்களையே கேட்கிறார்கள். எங்கள் சபையில் இது சண்டையாகவே மாறிவிட்டது. எதைப் பாடுவது?
— நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்

பதில்: மேல்நாட்டு இராகங்களில் நாம் பாடும் பாமாலைகளின் வேர் தரங்கம்பாடியில் இருக்கிறது. 1706இல் மிஷனரி சீகன்பால்கு அங்கே வந்திறங்கிய நாளிலிருந்து, பாடும் சபையில் வளர்ந்த ஜெர்மன் மிஷனரிகள் தங்கள் பாட்டுகளையும் உடன் கொண்டுவந்தார்கள். பின்னர் சென்னையில் ஊழியம் செய்த பப்ரிசியஸ் அவற்றில் பலவற்றைத் தமிழாக்கினார். அந்த இராகங்களில் தமிழ்ச் சொல்லின் குறிலும் நெடிலும் இடம் மாறி, குறில் நீண்டு நெடில் குறுகுவது உண்டு; காதுள்ளவர்களுக்கு அது உறுத்தும். அந்தக் குறை தீர்ந்தது தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைப் போன்ற புலவர்களால். 1774இல் பிறந்து 1864வரை வாழ்ந்த அவர், மிஷனரி சுவார்ட்சு ஐயரின் ஆதரவில் வளர்ந்து, நம் இராகங்களிலும் தாளங்களிலும் ஏராளமாக இயற்றினார். 1853இல் அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது, சாஸ்திரியாரின் பாட்டுகள் பல அதில் இடம்பெற்றன.

இரண்டு வகையும் சபையார் பாடுவதற்கென்றே அமைந்தவை என்பதைச் சண்டையிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். பாமாலையின் நான்கடி இராகம் ஒவ்வொரு சரணத்துக்கும் மாறாமல் திரும்புவதால், புதிதாய் வந்தவர் மூன்றாம் சரணத்துக்குள் பிடித்துக்கொள்வார். கீர்த்தனையிலோ, எழுத்தறியாதவரும் பல்லவியைப் பற்றிக்கொண்டு, சரணத்தைக் கேட்டுவிட்டு, மறுபடியும் பல்லவிக்குத் திரும்பலாம். புதிய பாடலையும் இதே கேள்வியால் சோதியுங்கள்: சபை இதைப் பாட முடியுமா? தனிக்குரலுக்கான தாவல்களும், எத்தனை முறை திரும்ப வரும் என்று யாருக்கும் தெரியாத அடிகளும் நிறைந்த பாடல், எவ்வளவு பக்தியோடு எழுதப்பட்டாலும் சபைக்குப் பொருந்தாது. பாடக்கூடியதாகவும், வேத வசனத்தின் பொருளைத் தாங்கியதாகவும் இருந்தால், நேற்று எழுதியதாயினும் தாராளமாய் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மாதத்துக்கு ஒன்று போதும். அதையும் நான்கு ஞாயிறும் விடாமல் பாடுங்கள்.

ஆலயத்தில் பாட்டு வரிகளைக் காட்டும் திரையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். திரையில் வரிகள் வந்து மறையும். பாட்டுப் புத்தகமோ கூடவே வீட்டுக்கு வந்து, குடும்ப ஜெபத்திலும் துக்க வீட்டிலும் விரியும். சில ஆண்டுகளுக்குமுன், படுக்கையிலிருந்த ஒரு வயதான தாயாருக்கு நற்கருணை கொடுக்கச் சென்ற ஆயருடன் நானும் போயிருந்தேன். பெற்ற மகளையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஜெபத்துக்கும் அசைவில்லை. நாங்கள் ஒரு பழைய கீர்த்தனையைத் தொடங்கினோம். பல்லவி இரண்டாம் முறை வந்தபோது அவருடைய உதடுகள் அசைந்தன. பின்பு குரல் வந்தது. நாங்கள் மறந்துபோயிருந்த மூன்றாம் சரணத்தை அவர் சொல் தவறாமல் பாடினார். மகள் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். எழுபது வருடங்களாக அந்த அம்மா அதைத் தம் வாயாலேயே பாடியிருந்தார்.

கேள்வி: எங்களுடையது முப்பது பேர் கூடும் சிறிய கிராமச் சபை. வாத்தியங்கள் எதுவுமில்லை. பாட்டு நடத்தும் பொறுப்பு என்னுடையது. எப்படித் தொடங்குவது?
— இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து ஓர் உபதேசியார்

பதில்: ஐயா, வாத்தியமில்லை என்று வருந்த வேண்டாம். முப்பது பேரின் குரலை முப்பது பேரும் கேட்கக்கூடிய ஆலயம் உங்களுடையது. ஆராதனைக்குக் கால் மணி நேரத்துக்குமுன் வருகிறவர்களை உட்காரவைத்து, அன்றைக்குப் பாடப்போகும் பாட்டின் ஒரு சரணத்தை மட்டும் அடியடியாகச் சொல்லிக்கொடுங்கள். ஆரம்ப சுருதியை உங்களுக்கு வசதியானதற்குக் கொஞ்சம் கீழேயே எடுங்கள். பல்லவியை நீங்கள் ஒருமுறை பாடி நிறுத்துங்கள்; இரண்டாம் முறை கையால் தாளம் மட்டும் காட்டி, அவர்களையே பாட விடுங்கள். முதலில் நான்கைந்து குரல்தான் எழும்பும். அந்த நிலையில் பயந்து, மறுபடியும் நீங்களே உரத்துப் பாடிவிடாதீர்கள். காத்திருங்கள். பிள்ளைகளை முன்வரிசையில் ஒரே இடத்தில் உட்காரவைக்காமல், ஒவ்வொரு குடும்பத்தோடும் நிற்க விடுங்கள். பிள்ளை பாடினால் பக்கத்தில் நிற்கும் தகப்பன் எத்தனை வாரம் வாய்மூடி நிற்பார்?