மக்களவையில் சிறு கட்சிகளின் செல்வாக்கு ஏன் குறைந்துகொண்டே போகிறது? அவை இல்லாமல் போனால் நமக்கு என்ன?

எங்கள் ஊர் ஈரோடு பக்கம். என் மாமா ஒருவர் 1994-இல் திமுகவிலிருந்து பிரிந்து மதிமுக தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கட்சியில் இருப்பவர். பதவி எதுவும் கிடையாது. தேர்தல் வந்தால் சுவரில் சின்னம் வரைவார், வாக்குப்பதிவு அன்று பூத்தில் உட்காருவார். 2009-இல் ஈரோட்டில் கணேசமூர்த்தி நின்றபோது தெருத்தெருவாகக் கட்சியின் பம்பரம் சின்னத்தை வரைந்தார். கட்சிக்கு அந்த முறை தமிழ்நாட்டில் கிடைத்த ஒரே எம்.பி. அவர்தான். பத்து வருடம் கழித்து, 2019-இல், அதே ஈரோட்டில் அதே கணேசமூர்த்தி நின்றார், ஜெயித்தார். ஆனால் மாமா அந்த முறை சுவரில் வரைந்தது திமுகவின் உதயசூரியன். எந்தச் சின்னத்தை விட்டு வெளியேறி 25 வருடம் ஆகியிருந்ததோ, அதே சின்னம்.

அன்று சாயங்காலம் டப்பாவில் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே, "ஆளு நம்மாளுதான் கண்ணு, ஆனா கணக்கு அவங்க கணக்கு" என்றார். உங்கள் கேள்விக்கு என் பதிலும் கிட்டத்தட்ட அதுதான்.

அவர் சொன்னது மனத்தாங்கல் மட்டுமில்லை, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஒரு கட்சியின் சின்னத்தில் நிற்க வேண்டுமானால் அந்தக் கட்சித் தலைமை கையெழுத்திட்ட ஏ படிவமும் பி படிவமும் வேண்டும். அவற்றைக் கொடுத்துவிட்டால் ஆவணப்படி நீங்கள் அந்தக் கட்சியின் வேட்பாளர். ஜெயித்துப் போனால் 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி உங்களை நிறுத்திய கட்சியின் உறுப்பினராகத்தான் எண்ணப்படுவீர்கள். அந்தக் கட்சியின் கொறடா சொன்னபடி வாக்களிக்க வேண்டும், மீறினால் பதவி போகலாம். 2019-இல் திமுகவுக்கு மக்களவையில் 24 பேர் என்று எழுதினார்கள். அதில் 4 பேர் மதிமுக, விசிக (விடுதலைச் சிறுத்தைகள்), கொமதேக (கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி), ஐஜேகே (இந்திய ஜனநாயகக் கட்சி) ஆகிய கட்சிகளைச் சேர்ந்தவர்கள். மக்களவையின் கட்சிவாரிக் கணக்கில் அந்த நான்கு இடங்களும் திமுகவின் இடங்கள்தான்.

இப்படி ஏன் ஒத்துக்கொள்கிறார்கள் என்று கேட்கலாம். தோற்றுவிடுவோமோ என்ற பயம்தான். அந்தப் பயம் வீண் பயமும் இல்லை. அதே 2019-இல் விசிகவுக்கு இரண்டு தொகுதிகள். விழுப்புரத்தில் ரவிக்குமார் உதயசூரியனில் நின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். சிதம்பரத்தில் திருமாவளவன் பானைச் சின்னத்தில்தான் நிற்பேன் என்று நின்றார். வாக்கு எண்ணிக்கை ராத்திரி வரை இழுத்தது, கடைசியில் 3,219 வாக்கில் தப்பினார். ஒரே கட்சி, ஒரே கூட்டணி, ஒரே அலை. சொந்தச் சின்னத்துக்கு இவ்வளவு விலை. அந்த விலையைக் கொடுக்கத் துணிந்ததற்காக அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவருக்கு இதில் பழைய பாடமும் இருந்தது: 2001-இல் கடலூர் மாவட்டத்து மங்களூர் தொகுதியில் உதயசூரியனில் நின்று எம்.எல்.ஏ. ஆனவர், திமுகவோடு ஒத்துப்போகாமல் 2004-இல் அந்தப் பதவியையே ராஜினாமா செய்ய வேண்டியிருந்தது. 2024-இல் விசிகவினர் இரண்டு தொகுதியிலும் பானையில் நின்று இரண்டிலும் ஜெயித்தார்கள், மாநிலக் கட்சி என்ற அங்கீகாரமும் வந்தது.

சரி, எண்ணிக்கைக்கு வருகிறேன். 2004-இலும் 2024-இலும் திமுக கூட்டணி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் வென்றது. 2004-இல் அந்த 39 பேரில் திமுக 16, காங்கிரஸ் 10. மீதி 13 பேர் சொந்தச் சின்னத்தில் போனவர்கள்: பாமக 5, மதிமுக 4, இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் தலா 2. (அப்போதும் வேலூரில் முஸ்லிம் லீக்கின் காதர் மொகிதீன் உதயசூரியனில்தான் நின்றார். வழக்கம் புதிது இல்லை.) 2024-இல் திமுக 22, காங்கிரஸ் 9, மற்ற எல்லோரும் சேர்ந்து 8. இரண்டு முறையும் 39-க்கு 39 என்பதால், மக்கள் சிறு கட்சிகளை நிராகரித்துவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த ஐந்து இடம் போனது வாக்குச்சாவடியில் இல்லை, தொகுதிப் பங்கீட்டுப் பேச்சுவார்த்தையில்.

ஆனால் தலைகளை எண்ணுவது பாதிக் கதைதான். மக்களவையில் அதிகாரம் என்பது எத்தனை பேர் என்பதை விட, அவர்கள் இல்லாமல் அரசு நிற்குமா என்பதில் இருக்கிறது. 1998-இல் அதிமுகவுக்கு இருந்தது 18 எம்.பி.க்கள். அவர்கள் ஆதரவை விலக்கிக்கொண்டதும் 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தது. 2014-இல் அதே அதிமுகவுக்கு 37 பேர், மக்களவையில் மூன்றாவது பெரிய கட்சி. ஆனால் பாஜகவிடம் தனியாகவே 282 இருந்தது. 18 பேரால் அரசைக் கவிழ்க்க முடிந்தது, 37 பேரால் அதை அசைக்கக்கூட முடியவில்லை. 37 பேருக்கே இந்த நிலை என்றால் ஒன்றிரண்டு பேர் உள்ள கட்சியை யார் கூப்பிட்டுப் பேசப் போகிறார்கள்? விவாதத்தில் பேச நேரம் ஒதுக்குவதும் கட்சியின் பலத்தை வைத்துத்தான். ஒரே ஒரு எம்.பி. உள்ள கட்சிக்குச் சில நிமிடங்கள் கிடைத்தால் அதிகம்.

2024-இல் பாஜக 240-க்கு இறங்கியதும் தெலுங்கு தேசத்தின் 16 பேருக்கும் ஐக்கிய ஜனதா தளத்தின் 12 பேருக்கும் திடீரென்று மதிப்பு வந்ததைப் பார்த்திருப்பீர்கள். சிறு கட்சிக்காரர்கள் கெட்டிக்காரர்களாக மாறியதால் வந்ததில்லை அது. பெரிய கட்சிக்குப் பெரும்பான்மைக்கான 272 வராததால் வந்தது.

இடதுசாரிகளின் கதைதான் எனக்கு அதிகம் வலிப்பது. 2004-இல் மார்க்சிஸ்ட் 43, இந்திய கம்யூனிஸ்ட் 10, ஃபார்வர்ட் பிளாக் 3, ஆர்.எஸ்.பி. 3, மொத்தம் 59 பேர். அமைச்சர் பதவி எதுவும் வாங்காமல் வெளியிலிருந்து மன்மோகன் சிங் அரசைத் தாங்கினார்கள். குறைந்தபட்ச பொதுச் செயல்திட்டம் என்று எழுதி வாங்கினார்கள். தகவல் உரிமைச் சட்டம், ஊரக வேலை உறுதிச் சட்டம், வன உரிமைச் சட்டம் எல்லாம் 2005, 2006-இல் வந்தவை. அவற்றுக்காகப் போராடியவர்கள் கட்சிகளுக்கு வெளியிலும் நிறையப் பேர். ஆனாலும் அந்த 59 பேர் பக்கத்தில் நின்று நெருக்காமல் இருந்திருந்தால் அவை அந்த வடிவில், அந்த வேகத்தில் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. 2008-இல் அணுசக்தி ஒப்பந்தத்துக்காக ஆதரவை விலக்கினார்கள். அரசு 275-க்கு 256 என்று பிழைத்துக்கொண்டது. அவர்கள் அடுத்த வருடமே 24-க்கு இறங்கினார்கள். 2024-இல் மார்க்சிஸ்ட், இந்திய கம்யூனிஸ்ட் கட்சிகளோடு சிபிஐ எம்.எல். கட்சியின் இரண்டு பேரையும் சேர்த்தால் 8. அந்த எட்டில் நான்கு பேர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். அதாவது கூட்டணியில் கிடைத்த இடங்கள்.

பாமகவையும் இங்கே சொல்ல வேண்டும். 2004-இல் புதுச்சேரியோடு சேர்த்து அவர்களுக்கு 6 எம்.பி.க்கள்தான். அந்த ஆறை வைத்து அன்புமணி சுகாதாரத் துறையைப் பெற்றார். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை நடைமுறைக்கு வந்தது அந்த அமைச்சகத்தின் வழியாகத்தான். அதற்கு முன் பேருந்துக்குள் பீடிப் புகையில் உட்கார்ந்து போனவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். அப்புறம் 2009-இல் கடைசி நேரத்தில் அணி மாறினார்கள், நின்ற 7 இடத்திலும் தோற்றார்கள். 2004-இல் திமுக, 2009-இல் அதிமுக, 2014-இல் பாஜக என்று மூன்று தேர்தலில் மூன்று அணி. 2016 சட்டமன்றத் தேர்தலில் தனியாக நின்று 5 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கினார்கள், ஒரு இடம்கூட வரவில்லை.

சிறு கட்சிகள் மேலும் தவறு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். தேமுதிக 2011 சட்டமன்றத் தேர்தலில் 29 இடம் பிடித்து, விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்தார். அந்த ஐந்து வருடத்தில் கட்சியைக் கட்ட முடியவில்லை. எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருவராக ஆளுங்கட்சிப் பக்கம் சாய்ந்தார்கள். 2016-இல் கட்சிக்கு ஒரு இடமும் இல்லை, அவருக்கே டெபாசிட் போனது. தமாகா (தமிழ் மாநில காங்கிரஸ்) 1996-இல் 20 எம்.பி.க்களோடு டெல்லிக்குப் போய், ப. சிதம்பரத்தை நிதியமைச்சராக்கிய கட்சி. 1998-இல் 3, 1999-இல் பூஜ்யம், 2002-இல் காங்கிரஸில் இணைப்பு. ஒரு தலைவரின் முகத்தை மட்டும் நம்பி நிற்கிற கட்சிக்கு அந்தத் தலைவர் தளரும்போது தாங்கிப் பிடிக்க ஆள் இருப்பதில்லை.

ஆனால் விதிகளும் கொஞ்சம் கொஞ்சமாக அவர்களுக்கு எதிராகவே சாய்ந்திருக்கின்றன, அதைப் பலர் கவனிப்பதில்லை. தொகுதியில் முதலில் வருபவருக்கே எல்லாம் என்ற முறையில், பரவலாக 8 சதவீதம் வாங்கிய நாம் தமிழர் கட்சிக்கு 2024-இல் ஒரு இடமும் இல்லை. மாநிலக் கட்சி என்ற அங்கீகாரம் போனால் சின்னமும் நிரந்தரம் இல்லை. சின்னம் இல்லாவிட்டால் பெரிய கட்சியின் சின்னத்தில் நிற்கச் சொல்வார்கள். அப்படி நின்றால் வாங்குகிற வாக்கெல்லாம் பெரிய கட்சியின் கணக்கில் சேரும், அங்கீகாரம் திரும்பக் கிடைக்க வழியே இல்லை. இதன் கடைசிப் படியையும் பார்த்தாயிற்று. 2025 செப்டம்பரில், ஆறு வருடமாகத் தேர்தலில் நிற்கவில்லை என்று 474 கட்சிகளைத் தேர்தல் ஆணையம் பதிவுப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதில் மனிதநேய மக்கள் கட்சியும் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியும் இருந்தன. இரண்டுக்கும் சட்டமன்றத்தில் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் உதயசூரியனில் நின்று ஜெயித்தவர்கள் என்பதால் அது அந்தக் கட்சிகள் போட்டியிட்டதாக ஆகவில்லை.

கூட்டணியில் நிற்கும் பதிவு பெற்ற கட்சி ஒரே தொகுதியில் நின்றாலும் தன் பழைய சின்னத்தில் நிற்க வழி செய்ய வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு அரசியல் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை, ஆணையத்தின் சின்னங்கள் ஆணையை மாற்றினால் போதும்.

அவை இல்லாமல் போனால் நமக்கு என்ன என்று கேட்டீர்கள். ஒரு பகுதிக்காரர்கள், ஒரு தொழில் செய்பவர்கள், ஒரு சமூகத்தார் தங்கள் பிரச்சினையை மட்டுமே முழுநேரமும் பேச ஒரு ஆளை அனுப்ப முடியாமல் போகும். பெரிய கட்சியிலும் அவர்கள் ஊர்க்காரர் எம்.பி.யாக இருப்பார்தான். ஆனால் கொறடா ஒரு பக்கம் இழுக்கும்போது ஊர் இன்னொரு பக்கம் இழுத்தால் அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

2024-இல் ஈரோடு மதிமுகவுக்குக் கிடைக்கவில்லை, திமுகவே நின்றது. மதிமுகவுக்குத் திருச்சி ஒன்றுதான். ஒரே தொகுதி என்பதால் பம்பரமும் கிடைக்கவில்லை, துரை வைகோவுக்குத் தீப்பெட்டிச் சின்னம். உதயசூரியனில் நிற்க மாட்டோம் என்று உறுதியாக இருந்தார்கள். மாமாவுக்கு அப்போது முழங்கால் வலி, மாடிப்படி ஏறவே சிரமம். இருந்தும் பிரச்சாரத்தின் கடைசி நான்கு நாள் திருச்சிக்குப் பஸ் ஏறிப் போனார். திரும்பி வந்ததும் வீட்டுக்குள்கூடப் போகாமல் திண்ணையிலேயே உட்கார்ந்து, தீப்பெட்டியை வீடு வீடாக எப்படிப் புரியவைத்தார்கள் என்று ராத்திரி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை.