கத்திவாக்கம் படத்துக்கு யாரிடம் பணம் கேட்பது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் என் வகுப்புத் தோழர்கள் நால்வரும் விஷுவல் கம்யூனிகேஷன் இறுதியாண்டு படிக்கிறோம். 2011 வரை தனி நகராட்சியாக இருந்து, பிறகு சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட கத்திவாக்கத்தில் இன்றும் ஒரு சிற்றூரின் வாழ்க்கை நடக்கிறது. அதை 30 நிமிட ஆவணப்படமாக எடுக்க விரும்புகிறோம். கேமரா வாடகை, ட்ரோன், ஒரு சினிமாப் பாட்டின் உரிமை, எடிட்டிங் எல்லாம் சேர்த்து 2,80,000 ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். இணையத்தில் நிதி திரட்டலாமா, எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளிடம் கேட்கலாமா?
– ஒரு மாணவர், தண்டையார்பேட்டை

பதில்: தொழிற்சாலைகளிடம் கேட்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கத்திவாக்கத்து வாழ்க்கையைப் பற்றிப் படம் எடுக்கிறவர்கள், அனல்மின் நிலையச் சாம்பலையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய்ப் படலத்தையும், அதனால் வலையும் படகும் பாழான மீனவர்களையும் தவிர்த்துவிட்டுப் படத்தை முடிக்க முடியாது. பணம் கொடுத்தவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாவிட்டாலும், எடிட்டிங் மேசையில் உட்காரும்போது உங்கள் கையே தயங்கும். அந்தத் தயக்கம் படத்தில் தெரிந்துவிடும். ஊர்க்காரர்கள் அதை முதல் காட்சியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். இதே காரணத்துக்காகக் கட்சிக்காரர்களின் பணத்தையும் ஒதுக்கிவிடுங்கள். தவிர, 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி நிறுவனங்கள் ஒதுக்கும் சமூகப் பொறுப்பு நிதியை மாணவர்கள் கையில் நேரடியாகக் கொடுக்க வழியில்லை. பெரும்பாலும் அதற்கெனப் பதிவு செய்துகொண்ட அமைப்புகள் மூலமாகத்தான் அது வரும்.

யாரிடம் கேட்பது என்பதற்கு முன்னால், எவ்வளவு கேட்பது என்பதைத் திருத்திக்கொள்ள வேண்டும். ட்ரோனை எடுத்துவிடுங்கள். துறைமுகமும் மின்நிலையமும் இருக்கிற பகுதியில் அனுமதியில்லாமல் அதைப் பறக்கவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில்தான் போய் உட்கார வேண்டியிருக்கும். தவிரவும், மேலிருந்து பார்த்தால் எல்லா ஊரும் ஒரே மாதிரிதான் இருக்கும். சினிமாப் பாட்டையும் எடுத்துவிடுங்கள். வடசென்னையில் படம் எடுத்துக்கொண்டு பாட்டுக்கு வெளியே போவானேன்? ஒரு கானா பாடகரை அழைத்து, அவருக்கு உரிய தொகையைக் கொடுத்து, பயன்படுத்திக்கொள்ளும் உரிமையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேமராவும் எடிட்டிங் கம்ப்யூட்டரும் உங்கள் துறையிலேயே இருக்கும். நல்ல மைக்கு, காட்சிகளை இரண்டு பிரதிகளாகச் சேமிக்க இரண்டு ஹார்டு டிஸ்க், போக்குவரத்து, சாப்பாடு, ஒலிக்கலவை, ஆங்கில சப்டைட்டில் ஆகியவற்றுக்கு மட்டும் பணம் வேண்டும். ஒரு வேலைநாளை உங்களுக்காக விட்டுக்கொடுக்கிற மீனவருக்கோ வீட்டு வேலைக்குப் போகிற அம்மாவுக்கோ அன்றைய கூலிக்கு ஈடாக ஏதாவது கொடுப்பதையும் இந்தக் கணக்கில் சேருங்கள். மாணவர்களின் பட்ஜெட்டில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் செலவு இதுதான். இப்படிப் பார்த்தால் நீங்கள் சொன்ன தொகையில் பாதிகூடத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

ஊர்ப் பணத்தில் படம் எடுப்பது நம் நாட்டில் புதிதல்ல. 1976இல் ஷியாம் பெனகல் இயக்கிய 'மந்தன்' படத்துக்கு குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் ஒடேசா என்ற குழுவை அமைத்து, ஊர் ஊராகப் படம் காட்டி, பார்க்க வந்தவர்களிடம் திரட்டிய பணத்தில் 1986இல் 'அம்ம அறியான்' படத்தை முடித்தார்கள். இவற்றை மேடையில் மேற்கோள் காட்டுகிறவர்கள் ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். குஜராத்தில் அந்த 2 ரூபாயை வசூலிக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்கெனவே இருந்தன. கேரளத்தில் திரைப்படச் சங்கங்களின் பழக்கம் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. பணத்துக்கு முன்னால் அங்கே ஓர் அமைப்பு இருந்தது.

உங்கள் பகுதியிலும் அப்படிப்பட்ட அமைப்புகளுக்குக் குறைவில்லை. ஆடி மாதம் கூழ் வார்ப்பதற்கு வீடு வீடாக ரசீது புத்தகத்தோடு போகிறவர்கள், குடியிருப்போர் நலச் சங்கத்தார், மகளிர் சுய உதவிக் குழுவினர், ஆலைகளிலிருந்து ஓய்வு பெற்ற தொழிலாளர்கள், பள்ளியின் முன்னாள் மாணவர்கள், கேரம் கிளப்புகள் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இவர்களிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். கல்லூரிக் கேமராவில், ஒரு பைசா செலவில்லாமல், மூன்று நிமிடத்துக்கு ஒரு மாதிரிப் படம் எடுத்துக்கொண்டு, தெருமுனையில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிக் காட்டுங்கள். ஆளுக்கு 100, 200 ரூபாய் என்று கேளுங்கள். ஒருவரிடமிருந்து வாங்கும் தொகைக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, அதை ரசீதிலேயே அச்சிடுங்கள். அப்போது யாரும் படத்தில் தனக்குப் பெரிய பங்கு இருப்பதாக நினைக்க மாட்டார்கள். மீனவக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்தைப் பார்த்து அனுமதி கேட்பது மரியாதை, அவசியமும்கூட. ஆனால் பஞ்சாயத்தின் பொதுப் பணத்தை வாங்காதீர்கள். ஊருக்குள் இரண்டு தரப்பு இருந்தால் நீங்கள் ஒரு தரப்பின் ஆளாகிவிடுவீர்கள்.

பணத்தை எந்தக் கணக்கில் போடுவது என்பது சிறிய விஷயமாகத் தோன்றும். நண்பர்கள் பிரிவது பெரும்பாலும் இங்கேதான். உங்களில் ஒருவருடைய ஜிபே எண்ணுக்கு எல்லாப் பணமும் வர விடாதீர்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் ஒருவர் பெறும் பணம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையுமே அவருடைய வருமானமாகக் கணக்கிடப்படும். மாணவருக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானம் இருக்காது என்றாலும், கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். கல்லூரியின் கணக்கு வழியாக, துறைத் தலைவரின் கடிதத்தோடு வாங்குவதே மேல். கல்லூரி ஒத்துக்கொள்ளாவிட்டால், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் சேர்ந்து சங்கம் பதிவு செய்யலாம். ஒரே ஒரு படத்துக்காக அவ்வளவு அலைய வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இணையத்துக்கு வருகிறேன். நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் இந்தியாவிலிருந்து திட்டம் தொடங்க முடியாது. மிலாப், கெட்டோ போன்ற தளங்களில் மருத்துவ வேண்டுகோள்களே நிறைந்திருக்கின்றன. ஒரு குழந்தையின் அறுவைச் சிகிச்சைக்குப் பக்கத்தில் உங்கள் ஆவணப்படம் நின்றால் பார்க்கிறவரின் பணம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை, போகவும் வேண்டும். ஊரை விட்டுத் தொலைவில் வேலை பார்க்கிறவர்களை எட்டுவதற்கு மட்டும் இணையம் உதவும். அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தாலும் இந்தியக் குடிமகனாகவே இருக்கிறவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், அவர் எண்ணூரில் பிறந்தவராகவே இருந்தாலும், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே வரும். அந்தப் பணத்தை அன்போடு மறுத்துவிடுங்கள்.

கேள்வி: ஆவணப்படம் எடுக்க என் மகள் என்னுடைய வளையலை அடகு வைத்துத் தரச் சொல்கிறாள். படம் விருது வாங்கினால் மீட்டுவிடலாம் என்கிறாள். தரலாமா?
– ஒரு தாய், புதுவண்ணாரப்பேட்டை

பதில்: தர வேண்டாம் அம்மா. மகளின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. மாணவர் ஆவணப்படத்துக்குப் போட்ட பணம் திரும்பி வருவது அரிது. நகைக் கடனின் வட்டியோ மாதந்தோறும் ஏறும். 1990 முதல் நடந்துவரும் மும்பை சர்வதேசத் திரைப்பட விழாவில் மாணவர் படத்துக்கென விருது உண்டுதான். ஆனால் விருதை நம்பி அடகுச் சீட்டு எழுதக் கூடாது. டிக்கெட் போட்டுத் திரையிட்டுப் போட்ட பணத்தை எடுத்துவிடலாம் என்று மகள் சொன்னால், பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும் என்பதையும் அந்தச் செலவையும் நினைவுபடுத்துங்கள். திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று உங்களால் கொடுக்க முடிகிற தொகை எதுவோ, அதை மட்டும் கொடுங்கள். படிப்பை முடித்த பிறகு, தனிநபர்களும் விண்ணப்பிக்கக்கூடிய பெங்களூரின் இந்தியக் கலை அறக்கட்டளை போன்ற இடங்களில் அவர் நிதி கேட்கலாம். விண்ணப்பம் எழுதவும் முடிவுக்குக் காத்திருக்கவும் பல மாதங்கள் பிடிக்கும் என்பதால் இந்த ஆண்டுப் படத்துக்கு அது உதவாது.

கேள்வி: திருவொற்றியூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஊரைப் பற்றிப் படம் எடுப்பதாகச் சொல்லிச் சில மாணவர்கள் ரசீது புத்தகத்தோடு வந்து 5,000 ரூபாய் கேட்டார்கள். கடையைப் படத்தில் காட்டுவதாகவும், வருமான வரிச் சலுகை உண்டு என்றும் சொன்னார்கள். நம்பலாமா?
– ஒரு வணிகர், திருவொற்றியூர்

பதில்: வரிச் சலுகை என்ற பேச்சை நம்ப வேண்டாம். நன்கொடைக்கு வரிச் சலுகை தர வருமான வரித் துறையிடம் பதிவு (80ஜி பதிவு என்பார்கள்) பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் அது கிடைக்கும். அங்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. அந்த மாணவர்கள் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்றில்லை, யாரோ சொன்னதைக் கேட்டுச் சொல்லியிருக்கலாம். கல்லூரியின் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். ரசீதில் இருக்கிற பெயரும் ஸ்கேன் செய்யும்போது போனில் வருகிற பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். கடையைக் காட்டும்படி நீங்கள் கேட்காமலிருப்பது நல்லது. காசு கொடுத்த கடை காட்சியில் வந்தால் அது விளம்பரம். படத்தின் முடிவில் நன்றிப் பட்டியலில் உங்கள் பெயர் வந்தால் போதும். மாணவர்களைப் பிடித்திருந்தால் 500 ரூபாய் கொடுங்கள், கூடவே படப்பிடிப்பு நாட்களில் அவர்களுக்கு டீயும் பிஸ்கட்டும் கடைக் கணக்கில் கொடுத்துவிடுங்கள்.